மல்லாட்டையின் அப்பா அம்மா

முதலில் அவர்கள் ஜெயித்ததை வரிசையாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். இரண்டு குடும்பங்களும் மூன்று வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோதும் கல்யாணத்தை முடித்தார்கள், அது ஒன்று. ‘எங்ககிட்ட நாய் இருக்கு’ என்று சொன்ன மாத்திரத்தில் கதவைச் சாத்திய பதினொரு வீட்டுக்காரர்களைத் தாண்டி, விழுப்புரத்தில் பன்னிரண்டாவதாக ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள், அது இரண்டு. மாடிப்படியைக் கண்டாலே கீழே படுத்துவிடும் நாய்க்கு, படிக்கு ஒரு பிஸ்கட் வைத்து நான்கு மாதத்தில் ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். ஏறிய நாய்க்கு இறங்கத் தெரியவில்லை என்பது மேலே போன பிறகுதான் தெரிந்தது. அதற்கு இன்னொரு நான்கு மாதம். அதையும் ஜெயித்தார்கள்.

இந்த இனத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் அமையவில்லை. நாய் வளர்ப்பவர்கள் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். வளர்ப்பது என்பது கோழியை, ஆட்டை. இவர்கள் அப்பா, அம்மா. முப்பது வயதுக்குள் இருப்பார்கள், ஒரு ஸ்கூட்டி இருக்கும், ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு நாய் நிற்கும், அந்த நாயின் கழுத்தில் அப்பாவின் பழைய கைக்குட்டை கட்டியிருக்கும், அப்பாவின் இரண்டு கால்களும் வைக்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் காற்றில் தொங்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நாற்பது கிலோமீட்டரும் அப்படியே தொங்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்திருப்பீர்கள். இருக்கட்டும், அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நம் ஆட்கள் தென்னரசு, வேணி. தென்னரசுக்கு விழுப்புரம், வேணிக்குத் திண்டிவனம். நாய்க்கும் திண்டிவனம். கல்யாணமான ஆறாம் நாள், திண்டிவனம் பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு டீக்கடை வாசலில், மழையில் நனைந்துகொண்டு கிடைத்தது. வறுத்த மல்லாட்டைத் தோல் நிறம்; வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அதனால் பெயரும் மல்லாட்டை. எந்த ஜாதி நாய் என்று யாராவது கேட்டால், தென்னரசு ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு, அம்மா வழியில் ஏதோ வெளிநாடு கலந்திருக்கும் போல இருக்கிறது, காதைப் பாருங்கள் என்பான். காதைப் பார்ப்போம். காது திண்டிவனமாகத்தான் இருக்கும்.

இவர்களுடைய பேச்சில் சில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். நாய் உங்கள் வேட்டி நுனியை வாயில் கவ்விக்கொண்டு தொங்கும்போது, அது உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பார்கள். உங்களைப் பார்த்துக் குரைத்தால், உங்கள் சட்டை நிறம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்பார்கள். நாய் சாப்பிட்டதா என்று நீங்கள் மரியாதைக்குக் கேட்டுவிட்டால் போச்சு. காலையில் என்ன, எத்தனை வாய், எதை ஒதுக்கியது, ஒதுக்கியதற்குக் காரணம் என்ன என்று இருவரும் மாறி மாறிச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் வந்த காரியம் உங்களுக்கே மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியே போயாக வேண்டும். ஒரு ஞாயிறு கோட்டக்குப்பம் பக்கம் கடற்கரை. மல்லாட்டைக்குக் கடல் ஆகாது. அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டில் போகும் பஸ்களை எண்ணுவது போல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இவர்களும் ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். மறு ஞாயிறு திண்டிவனம். சொந்த ஊரை மறக்கக்கூடாது என்று, மாதத்தில் ஒரு முறையாவது அந்த டீக்கடை வாசலுக்கு நாயைக் கூட்டிப்போய், ‘இங்கதான்டா நீ பொறந்து வளந்த’ என்று காட்டிவிட்டு வருவார்கள். டீக்கடைக்காரருக்கு இவர்கள் சம்பந்தி போல ஆகிவிட்டார்கள்.

ஆனால் இந்த இனத்தின் தனிச்சிறப்பு இவை ஒன்றும் அல்ல. ஷிஃப்ட் முறைதான். ஓட்டலுக்குள் நாயை விடமாட்டார்கள் அல்லவா? ஆகவே தென்னரசு உள்ளே போய் இட்லி சாப்பிடுவான், வேணி எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவன் கை கழுவிக்கொண்டு வருவான், கயிறு கை மாறும், ‘சட்னி வேணாம், சாம்பார் வாங்கிக்கோ’ என்ற தகவலும் கை மாறும், அவள் உள்ளே போவாள். துணிக்கடை இப்படி. கல்யாண வீட்டுப் பந்தி இப்படி. சினிமாவும் இப்படியே. இடைவேளை வரை அவன், இடைவேளைக்குப் பிறகு அவள். வீடு திரும்பும் வழியில் ஒருவருக்கொருவர் பாதிக் கதையைச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பாதியும் ஒட்டவே ஒட்டாது. அவன் பார்த்த பாதியில் நல்லவனாக இருந்தவன் அவள் பார்த்த பாதியில் அண்ணனையே கொன்றிருப்பான். அதற்கு ஒரு வாரம் சண்டை நடக்கும். இரண்டு வருடமாக எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போன இவர்கள், வெளியிடத்தில் ஒரு வாசற்படியைக்கூட ஒன்றாகத் தாண்டியதில்லை.

இது யாருக்குக் கஷ்டம்? அவர்களுக்கு இல்லை. தென்னரசின் அக்கா பிரபாவதிக்குத்தான்.

பிரபாவதி எட்டாவது வரை படித்தவள். எதையும் தேதி, மணியோடு நினைவில் வைத்திருப்பவள். அரிசி டப்பாவில்கூடக் காகிதம் ஒட்டி நாள் எழுதியிருப்பாள். தம்பி காதலைச் சொன்ன நாளிலிருந்து மூன்று வருடம் அவனுக்காக வீட்டோடு தனியாக நின்று பேசியவள் அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் அவளைத் தவிர யாரும் வரவில்லை. ஒரு புகைப்படமும் இல்லை. அன்று சாயந்திரமே தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் நடுவில், இரண்டு குடும்பமும் இரண்டு பக்கம், அப்படி ஒரு படம் அங்கே மாட்ட வேண்டும். இரண்டு வருடமாக ஆணி மட்டும் இருந்தது. வருகிறவர்கள் அதில் பையை மாட்டினார்கள்.

ஆவணியில் வழி பிறந்தது. பிரபாவதியின் மகள் மகிழினிக்கு மூன்று வயது. திருவாமாத்தூர் கோயிலில் காது குத்து என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் என்றால் தென்னரசு ஒருவன்தான். வேணியின் அப்பா அம்மாவும் திண்டிவனத்திலிருந்து முதல் முறையாக இந்தப் பக்கம் வர ஒப்புக்கொண்டார்கள். நாயோடு வீட்டுக்கு வந்த இருவரையும் உட்கார வைத்து, பிரபாவதி தம்பியிடம் ஒரே ஒரு வரம் கேட்டாள்.

“எனக்கு மோதிரம் வேணாம், சீர் வேணாம். நீயும் வேணியும் ஒண்ணா வரணும். ஒரே நேரத்துல.”

“இன்னாக்கா நீ, எப்பவும் ஒண்ணாத்தானே வந்துக்கினு இருக்கோம்” என்றான் தென்னரசு. பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது உண்மை.

அப்போது நாயை என்ன செய்வது என்று பிரபாவதியின் கணவர் தேவநாதன் கேட்டார். அவருக்கு நாய் என்றால் பயம். அந்தப் பயத்தைக் கடன் வசூலிக்க வந்தவரைப் போல் ஒரு முறைப்பில் மறைத்துக்கொள்வார். வேணி மல்லாட்டையின் தலையைத் தடவி, மாமா கேட்கிறார், பதில் சொல் என்றாள்.

“யாருக்கு மாமா?” என்றார் தேவநாதன்.

“இவனுக்குத்தான். அக்கா அத்தைன்னா நீங்க மாமாதானே.”

முறை சரியாகத்தான் இருந்தது. தேவநாதன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

காது குத்தன்று காலை ஒன்பது முதல் பத்தரை வரை நல்ல நேரம். ஒன்பது ஐம்பதுக்கு ஸ்கூட்டி கோயில் வாசலில் வந்து நின்றது. தென்னரசு பட்டு வேட்டி, வேணி பட்டுப் புடவை, நடுவில் மல்லாட்டைக்கு ஜரிகைத் துண்டு. பிரபாவதிக்கு மனம் நிறைந்தது. மூன்றாவது நிமிடம் தென்னரசு மட்டும் உள்ளே வந்தான்.

“வேணி எங்கடா?”

“வெளிய கயித்த புடிச்சிக்கினு இருக்கா. நான் முடிச்சிட்டுப் போனா அவ வருவா.”

இதற்குள் காது குத்தும் பத்தர் சவுரிராயன் ஊசியைத் துடைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். அவருக்கு அன்று இன்னும் நான்கு காது பாக்கி. தென்னரசு சம்மணம் போட்டு உட்கார்ந்தான், குழந்தை மடிக்கு வந்தது, வலது காது குத்தியாயிற்று. மகிழினி கோபுரம் அதிர அழுதாள். அந்த அழுகை வாசல் வரை போனது. வாசலில் மல்லாட்டை அதைவிட ஒரு கட்டை கூட்டி ஊளையிட்டது. தென்னரசின் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு வருடப் பழக்கம் அல்லவா, மூளையைக் கேட்காமலே கால்கள் எழுந்துவிட்டன. குழந்தையைப் பத்தர் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். ஒரு நிமிடத்தில் வேணி மூச்சிரைக்க வந்து அதே இடத்தில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

சவுரிராயன் நாற்பது வருடமாகக் காது குத்துகிறவர். ஊசியை அந்தரத்தில் பிடித்தபடி கேட்டார். “இன்னாம்மா இது, மாமன் எங்க?”

“அவர் முடிச்சிட்டார்ங்க. இப்ப என் முறை.”

ஆக, மகிழினிக்கு வலது காது மாமன் மடியில், இடது காது அத்தை மடியில். இப்படி ஒரு காது குத்து அந்தக் கோயிலில் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. வேணியின் அப்பா சம்பந்திகளைப் பார்த்தார். சம்பந்திகள் தரையைப் பார்த்தார்கள். புகைப்படக்காரர் மட்டும் கலங்கவில்லை. அவரை ஒரு படம், இவங்களை ஒரு படம் எடுத்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் ஒட்டிவிடலாம், தையல்கூடத் தெரியாது என்று ஆறுதல் சொன்னார்.

பிரபாவதி ஒட்டுப்போட்ட படத்துக்காகவா இரண்டு வருடம் ஆணி அடித்து வைத்திருந்தாள்? மணி பார்த்தாள். பத்து பன்னிரண்டு. நல்ல நேரம் இன்னும் பதினெட்டு நிமிடம். அதற்கு மேல் வேணியின் வீட்டார் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். வேணியின் அப்பாவே கயிற்றைப் பிடிக்கிறேன் என்று போனார். மல்லாட்டை அவரைக் குளத்தங்கரை வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. தேவநாதன் தூணுக்குப் பின்னாலிருந்து, தான் பிடித்தால் குழந்தைக்கு அப்பா இல்லாமல் போய்விடும் என்று தெரிவித்தார்.

பிரபாவதி வாசலுக்குப் போனாள். தம்பியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.

“நீ உள்ள போ.”

“நீ இல்லாம போட்டோவாக்கா?”

“ஜல்தி போடா. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

அவன் போனான். ஒரு விசேஷத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பிரபாவதிக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. தெரியாததைத் தாங்கிக்கொள்ள முடியாமல், யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று, குனிந்து நாயிடம் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது வரிசையில் நிற்பார்கள், உன் அப்பா முதல் படத்தில் கண்ணை மூடிவிடுவான், உன் அம்மா முந்தானையைச் சரி பண்ணுவாள், இரண்டாவது நன்றாக வரும், பொறு. மல்லாட்டை பொறுத்தது. பூக்கடை கெங்கம்மாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு இதைப் பார்த்தாள்.

“அது இன்னாம்மா பதில் சொல்லுது?” என்றாள்.

“பசிக்குதாம்” என்றாள் பிரபாவதி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

படம் இப்போது ஆணியில் இருக்கிறது. அருமையான படம். இரண்டு குடும்பமும் இரண்டு பக்கம், நடுவில் அழுத முகத்தோடு மகிழினி, தென்னரசு, வேணி. பதினேழு பேரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள், தென்னரசையும் வேணியையும் தவிர. அவர்கள் இருவர் மட்டும் ஒரே திசையில் கழுத்தைத் திருப்பி, வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அங்கே என்ன என்று கேட்கிறார்கள். பிரபாவதி, அங்கேதான் நான் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறாள். நானும் மல்லாட்டையும் என்று திருத்திக்கொள்கிறாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். உங்களிடம் நாய் இல்லை என்ற தைரியத்தில் சிரிக்கிறீர்கள். பிரபாவதியிடமும் இல்லை; இன்றுவரை இல்லை. இந்த இனத்தில் சேர நாய் தேவையில்லை. ஓட்டல் வாசலிலோ கோயில் வாசலிலோ, நல்ல மாதிரியான ஓர் இளந்தம்பதி உங்கள் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து ‘ரெண்டு நிமிஷம்’ என்பார்கள். நீங்கள் மரியாதைக்கு வாங்குவீர்கள். சும்மா நிற்பது ஒரு மாதிரி இருக்கிறதே என்று, வெயிலா இருக்கு இல்ல என்று கீழே பார்த்து ஒரு வார்த்தை பேசுவீர்கள். அவ்வளவுதான். வால் ஆடும். உங்கள் கதை முடிந்தது. சந்தேகமிருந்தால் இப்போதே யோசித்துப் பாருங்கள்: கடைசியாக எந்த நாயிடம், என்ன முறை சொல்லிப் பேசினீர்கள்?

அடுத்த மாதம் வேணியின் சித்தப்பா மகளுக்குத் திண்டிவனத்தில் மஞ்சள் நீராட்டு. இருவரும் ஒன்றாகப் போனார்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். தென்னரசு ஸ்கூட்டியில் நாய் நிற்கும் இடத்தில் இரண்டு காலையும் வைத்து ஓட்டிக்கொண்டு போனதை அண்டை வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். அன்றைக்குத்தான் விழுப்புரம் மாட்டாஸ்பத்திரியில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம். பிரபாவதி மல்லாட்டையைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். ஊசி போட்டு முடித்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நாயின் பெயர், நிறம், வயது எல்லாம் எழுதி, கீழே உரிமையாளர் கையெழுத்து என்று ஒரு கோடு. உரிமையாளர் இல்லையே என்று தயங்கினாள். பின்னால் பதினெட்டு நாய்கள் காத்திருந்தன. பேனாவை வாங்கி, எட்டாம் வகுப்பில் எழுதிய அதே குண்டு எழுத்தில், புள்ளி ஒன்றும் விடாமல் எழுதினாள்: தே. பிரபாவதி, அத்தை. தேதி 28.9.2024.