நாக்குக்கு அடியில் வெடிமருந்து

விளக்கசாமி என்றொரு இனம் உண்டு. தெருவுக்கு ஒருவர், கம்பெனிக்கு இரண்டு பேர் என்று பரவியிருக்கிறார்கள். நீங்கள் தும்மினால் கைக்குட்டை தரமாட்டார். தும்மல் எப்படி உண்டாகிறது என்று சொல்வார். நாளிதழின் அறிவியல் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பார், அதிலும் பாதிதான் படித்திருப்பார், அந்தப் பாதியை வைத்தே பத்துப் பேரை ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பார். இவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனி. அதன் பாதுகாப்புக் கமிட்டியில் இருந்த வீரராகவன் இந்த இனத்தின் அசல் சரக்கு. 2004இல், மிக்ஸிங் பிரிவு தேசப்பனுக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெயர் நைட்ரோகிளிசரின். நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். வீரராகவன் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்தது.

"தேசப்பா, இது இன்னா தெரியுமா? டைனமைட்ல போடுற சரக்கு. தின்னர் டிரம் பக்கத்துல இத்த வெச்சிக்குனு நிப்பியா?"

"டாக்டரு எப்பவும் கூடவே வெச்சிக்க சொன்னாருண்ணே."

"டாக்டருக்கு சேஃப்டி தெரியுமா?"

மாத்திரையில் இருப்பது துளியிலும் துளி, அது வெடிக்காது என்ற விஷயம் அவர் படிக்காத பாதியில் இருந்தது. அன்றுமுதல், கம்பெனி கேட்டில் தீப்பெட்டியும் பீடியும் ஒப்படைக்கிற பெட்டிக்குள் தேசப்பனின் மாத்திரைப் பாட்டிலும் போனது. வெளியே எடுக்க வீரராகவன் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும்.

பத்தே நாள். பதினோரு மணி டீக்கு வந்த தேசப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேன்டீன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் ஆரோக்கியமேரி கேட்டுக்கு ஓடினார். "சீட்டு எங்கக்கா?" என்றார் காவலாளி மோசஸ். சீட்டுக்காகத் திரும்பி ஓடிவந்தால், வீரராகவன் கூட்டத்தின் நடுவே ஆரம்பித்திருந்தார்.

"யாரும் பயப்படாதீங்க. அந்த மாத்திர உள்ள போனா நைட்ரிக் ஆக்சைடு வரும். அது ரத்தக்குழாய் தசையில சைக்ளிக் ஜிஎம்பின்னு ஒண்ண கெளப்பி வுடும். தசை தளரும், குழாய் விரியும்..."

"அண்ணே, கையெழுத்து போடுண்ணே."

"இரும்மா. சைக்ளிக் ஜிஎம்பிய முடிச்சிக்கிறேன்."

தேசப்பனின் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. மேரி மறுபடி ஓடினார். இந்த முறை கையில் தோசைக் கரண்டி இருந்தது. மோசஸ் சீட்டுக் கேட்கவில்லை. மாத்திரை நாக்குக்கு அடியில் போனது, ஆள் ஆம்புலன்சில் போனார்.

"பாத்தீங்களா," என்றார் வீரராகவன், "நான் சொன்ன மாதிரியே வேல செய்யுது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்த நிமிடம் உங்கள் மனதில் ஓடுவது என்ன? 'சைக்ளிக் ஜிஎம்பியை உண்டாக்க நடுவில் ஒரு என்சைம் உண்டே, அதை விட்டுவிட்டாரே' என்றா? 'எத்தனை மில்லிகிராம் மாத்திரை' என்றா?

தேசப்பன் பிழைத்துக்கொண்டார். நீங்கள்தான் கேட்கவேயில்லை.