ஏழாயிரம்பண்ணையின் ஏழு நிமிடப் போர்நிறுத்தம்

வாழ்க இசைவாணி! கந்தகம் கமழும் கரிசல் நிலத்துக் கன்னியே, கீல் உடைந்த லேப்டாப்பைப் பெரும் படைக்கலமாக ஏந்தியவளே, பத்தொன்பது நாட்டு மன்றத்தில் பத்து வாரம் வாய் திறவாது வீற்றிருந்த பொறுமைக் கடலே, வாழ்க! கண்ணாடி இழைக் கம்பிக்குள் உறையும் இணையத் தெய்வமே, தூறல் விழுமுன்னே துண்டித்துப் போகும் தூயவளே, இந்தக் கதை முடியும் வரையிலாவது அறுந்துவிடாமல் நின்று அருள் செய்வாயாக!

பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் பொன்மணி என்னும் பெருமாட்டியின் ஒரே மகளாகத் தோன்றி, அரசியல் அறிவியலில் முதுகலை முடித்து, எண்ணிறந்த விண்ணப்பக் கணைகளை எட்டுத் திக்கும் எய்து, அவற்றுள் ஒன்றே ஒன்று கடல் தாண்டித் தைத்ததனால், பத்தொன்பது நாடுகள் கூடிய ஒரு பன்னாட்டுக் கூட்டணியின் அரசியல் விவகாரம் மற்றும் பாதுகாப்புக் கொள்கைப் பிரிவில் மூன்று மாதப் பயிற்சியாளராக அமர்ந்தவள் அவள். அமர்ந்தது என்னவோ ஏழாயிரம்பண்ணையில், வீட்டுப் பின்னறையில், தையல் மெஷினுக்கு முன்னால்தான். பயிற்சி இணையவழிப் பயிற்சி. வியாழன்தோறும் நம்மூர் நேரம் பிற்பகல் இரண்டரைக்குக் கூட்டம் கூடும். தூதர்களும் தளபதிகளும் திரையில் கட்டம் கட்டமாக எழுந்தருளி உலக அமைதியைப் பற்றி உரைப்பார்கள். யார் என்ன உரைத்தார் என்று எழுதிக்கொள்வது இசைவாணியின் திருப்பணி.

பதினோராம் வாரத்தில் அவளுக்கு ஒரு வரம் கிட்டியது. ஏழாவது பொருளாக, இரண்டு நிமிடம், அவளே பேசலாம். போர்நிறுத்தம் அறிவித்த பிறகு அது நடக்கிறதா என்று யார் சரிபார்ப்பது என்பது தலைப்பு. நன்றாகப் பேசினால் தலைமையகத்திலேயே ஆறு மாத இடம் உண்டு என்று பிரிவுத் தலைவி மின்னஞ்சலில் குறிப்பாக உணர்த்தியிருந்தார். கூடவே ஒரு சாபமும் இருந்தது. முந்தைய வியாழன் இசைவாணி மைக்கை அமர்த்த மறந்து வருகையைக் குறித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு வயல் தள்ளியிருந்த பொட்டலில் கம்பெனிக்காரர்கள் சோதனைக்காக ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட, திரைக்கு அப்பால் ஒரு தளபதி, நெஞ்சு நிறையப் பதக்கம் தாங்கியவர், மேசைக்கு அடியில் பாதி மறைந்தே போனார். "அடுத்த முறை சத்தமில்லாத சூழல் இல்லையேல், தங்கள் உரையை வேறொரு பயிற்சியாளர் வாசிப்பார்" என்று ஓலை வந்து சேர்ந்தது.

ஆகவே அந்த வியாழக்கிழமை அவள் செய்த ஆயத்தங்களை ஆயிரம் நாவு படைத்தவரும் சொல்லி முடிக்கார். மின்விசிறி கடகடக்கும் என்று அதை அணைத்தாள். பக்கத்து வீட்டு மிக்சியை இரண்டு மணிக்கே ஓட்டி முடித்துவிடுமாறு தூது அனுப்பினாள். ஜன்னல் கொக்கியில் பழைய துணியைச் சுற்றினாள். வியர்வை ஆறாகப் பெருக, வெள்ளைச் சட்டையும் அதற்குக் கீழே வீட்டுப் பாவாடையுமாக, இடுப்புக்கு மேலே தூதராகவும் இடுப்புக்குக் கீழே ஏழாயிரம்பண்ணைக்காரியாகவும் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆசனத்தில் அமர்ந்தாள்.

டமார்!

விண் அதிர்ந்தது. மண் அதிர்ந்தது. தையல் மெஷின் மேல் இருந்த நூல்கண்டு உருண்டது. இடி விழுந்த காட்டில் துள்ளி எழும் பெண்புலியென எழுந்து அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பொட்டலில் ஒரு வேன் நின்றது. வெள்ளை வேட்டியில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கொலுவிருந்தார். அவருக்கு எதிரே பெட்டி பெட்டியாகச் சாம்பிள். ஆர்டர் கொடுக்க வெளியூர் வியாபாரி வந்திருக்கிறார். சீசனுக்கு முந்தைய சோதனைப் பெருவிழா தொடங்கிவிட்டது. சாத்தூருக்கு ஓடிப்போய் ஒரு அறை பிடிக்கலாமென்றால் பஸ் போய் அரைமணி ஆகிவிட்டது. மிச்சம் இருந்த ஆயுதம் ஒன்றுதான். அவள் பத்து வாரமாக எதைப் பற்றிக் குறிப்பெடுத்தாளோ அந்தப் பேச்சுவார்த்தை.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீமைக் கருவேல முள்ளையும் சட்டை செய்யாமல், கடலைக்காட்டு வரப்பின் மீது பாய்ந்து அவள் களம் புகுந்த வேகத்தைக் கண்டு, மேய்ந்துகொண்டிருந்த மூன்று வெள்ளாடுகள் தலை நிமிர்ந்தன.

களத்தில் நின்றவர்களைச் சொல்வேன். திரிமுனைத் தீ நாயகர், இருபத்தைந்து தீபாவளி கண்ட கம்பெனிப் போர்மேன் வேலுச்சாமி, அவளுக்கு மாமன் முறை. நாற்காலியில் வீற்றிருந்தவர் சேலத்து மொத்த வியாபாரி ரத்தினசாமி. வேன் நிழலில் பூச்சட்டிப் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும்தான் நம் வீராங்கனையின் ஓட்டம் நின்றது. அது பொன்மணி.

"மாமா, நிறுத்துங்க! மூணு மணி வரைக்கும் ஒண்ணும் வெடிக்காதீக!"

"என்ன தாயி இப்பிடி ஓடியாற? எங்கயாச்சும் தீயா?"

"எனக்கு மீட்டிங். பத்தொம்பது நாட்டுக்காரவுக முன்னாடி இன்னைக்கு நான் பேசணும்."

வேலுச்சாமி காதைக் குடைந்தார். "நாங்க என்ன வெளையாடிக்கிட்டா இருக்கோம்? அண்ணாச்சிக்கு விருதுநகர்ல நாலேகாலுக்கு ரயிலு. மூணரைக்குள்ள அம்புட்டையும் கொளுத்திக் காட்டணும். இன்னும் ஆறு அணுகுண்டு, ரெண்டு பன்னெண்டு ஷாட்டு, லட்சுமி வெடி முழுசும் கெடக்கு."

பொன்மணி மகளை ஓரமாக இழுத்தாள். "ஏ புள்ள, இந்த ஆர்டர் வரலைன்னா எங்க ஷெட்ட இந்த மாசமே பூட்டிருவாக. பதினாலு பொம்பளைக பொழப்பு. உனக்குப் பேச வேற நாளே கெடைக்கலையா?"

"இன்னைக்கு விட்டா எனக்கும் கெடையாதும்மா."

இருவர் சொல்வதும் நியாயமாக இருந்தது. அதுதான் தொல்லை. ஒரு பக்கம் அநியாயமாக இருந்திருந்தால் இந்தக் காவியம் இந்தப் பத்தியிலேயே முடிந்திருக்கும்.

அப்போது இசைவாணி, தொண்டையைச் செருமி, தலைமையகத்தார் தொனியில் முழங்கினாள்: "இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு இடைக்காலப் போர்நிறுத்தத்தை நான் முன்மொழிகிறேன்!"

"தமிழ்ல சொல்லு தாயி."

"ஏழு நிமிசம் மாமா. ரெண்டு அம்பதுல இருந்து ரெண்டு அம்பத்தேழு வரை. என் முறை அப்பத்தான் வருது. ஒரு மிஸ்டு கால் குடுத்தா நிறுத்துங்க. ரெண்டு மிஸ்டு கால் குடுத்தா கொளுத்துங்க. மத்த நேரம் நான் மைக்க அமத்தி வச்சுக்கிறேன்."

"அணுகுண்டு மட்டும் ஒண்ணு..."

"அணுகுண்டு கூடவே கூடாது!"

உலக வரலாற்றில் இத்தனை தெளிவான அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் இதற்கு முன் வரப்பு மேல் நின்று கையெழுத்தானதில்லை. வேலுச்சாமி வியாபாரியைப் பார்த்தார். ரத்தினசாமி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, "ஏழு நிமிசந்தானே, பாப்பா பேசட்டும். டீ வந்தா குடிச்சுட்டு இருக்கேன்" என்று திருவாய் மலர்ந்தார்.

இரண்டரைக்குத் திரை ஒளிர்ந்தது. பதக்கத் தளபதி மேசைக்கு மேலே முழுமையாக எழுந்தருளியிருந்தார். முதல் நான்கு பொருள்களும் குளிர்காலத்து நெய் போல நகர்ந்தன. வெளியே லட்சுமி வெடிகள் பொரிந்தன. மைக் அமர்த்தியிருந்த இசைவாணி முகத்தில் ஒரு நரம்பும் அசையாமல் குறிப்பெடுத்தாள். இரண்டு நாற்பத்தொன்பதுக்கு மேசைக்கு அடியில் இருந்த கைப்பேசியில் ஒரு மிஸ்டு கால் விடுத்தாள்.

அமைதி இறங்கியது. ஒரு காகம் கரைந்தது மட்டும் கேட்டது. ஒப்பந்தம் நிலைபெற்றுவிட்டது என்று அவள் நெஞ்சு விம்மிய அந்தக் கணத்தில்தான் ஐந்தாவது பொருளில் விதி புகுந்தது.

எங்கோ ஒரு நாட்டில் நடக்கும் எதையோ பற்றிக் கூட்டணி அறிக்கை விட வேண்டும். "ஆழ்ந்த கவலை" என்று வரைவில் இருந்தது. நீண்ட மூக்குத் தூதர் எழுந்து, தம் நாட்டுக்குக் கவலை உண்டு, ஆழம் இல்லை என்றார். கண்ணாடித் தூதர், ஆழத்தை எடுத்தால் "கடும்" என்று போட்டே தீர வேண்டும் என்று வாள் சுழற்றினார். இன்னொருவர், "கவனத்தோடு கூடிய கவலை" என்று ஒரு புதுப் படையை இறக்கினார். பெயரடைகள் மோதின, அடைமொழிகள் அறுந்து விழுந்தன, ஒரு நாடு காற்புள்ளியைக் கைப்பற்றிக்கொண்டு தர மறுத்தது. இரண்டு ஐம்பத்தேழு வந்தது, போனது. மூன்று மணி வந்தது.

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது! எந்த நொடியிலும் வானம் பிளக்கலாம். இசைவாணி ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தாள். வேலுச்சாமி இடுப்பில் கைவைத்து, பற்றவைத்த ஊதுபத்தியோடு, அசையாமல் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு மிஸ்டு கால் வரவில்லை. ஆகவே அவர் கொளுத்தவில்லை. மேற்பார்வைக் குழு இல்லை, நடுவர் நாடு இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சொன்ன சொல் மட்டும் அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

ரத்தினசாமி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை எழுந்தே விட்டார். அப்போது பொன்மணி முன்னால் வந்து அவரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. பெட்டியைத் திறந்தாள். ஒரு பூச்சட்டியைத் தரையில் வைத்தாள். வேலுச்சாமி குனிந்து ஊதுபத்தியைக் காட்டினார்.

ஓசையே இல்லை. வெள்ளி மணல் ஊற்றெடுத்தது போல ஒரு வெளிச்சம், வெயிலையும் மீறி, ஆள் உயரம், அதற்கும் மேல், வேன் கூரை உயரம் எழுந்து, சாவகாசமாக நின்று, சாவகாசமாக இறங்கியது. அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. கண்ணாடித் தூதர் "கடும்" என்ற சொல்லுக்காக உயிரையும் தரச் சித்தமாக இருந்த வேளையில், இசைவாணி தன் தாயின் கைவேலையை முதன்முறையாக முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி குறிப்பு விட்டுப்போயிற்று. அதை யாரும் பிறகு கேட்கவுமில்லை.

மூன்று பன்னிரண்டுக்குப் பிரிவுத் தலைவி கை உயர்த்தினார். "கவலை என்ற சொல் மட்டும், அடைமொழியின்றி ஏற்கப்படுகிறது. வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த இணக்கத்துக்கு அனைவருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டதால் ஆறும் ஏழும் அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன."

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாகப் பதக்கத் தளபதி மட்டும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் சிறிது நேரம் இருந்து, பின் மறைந்தார். பதினோரு வாரம் கருக்கொண்ட இரண்டு நிமிடம் பிறக்கவே இல்லை. இசைவாணிக்கு அழுகை வரும்போல் இருந்தது. வெள்ளைச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மிஸ்டு கால் கொடுத்தாள்.

டமார்! என்றது பொட்டல், இருபத்துமூன்று நிமிடம் அடக்கி வைத்த மூச்சையெல்லாம் சேர்த்து.

அவள் வரப்பு வழியே மெதுவாகப் போனபோது ரத்தினசாமி வேனில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, முப்பது வருசமா சாம்பிள் பாக்குறேன். முதல் வெடியிலயே காது அடைச்சுரும்; மிச்சத்தைப் பாக்காமலே தலையாட்டிட்டுப் போயிருவேன். இன்னிக்குத்தான் பூச்சட்டியைக் கண்ணால பார்த்தேன். உங்கம்மாகிட்ட ரெண்டு மடங்கு ஆர்டர் சொல்லியிருக்கேன்."

வேன் புழுதி கிளப்பிப் போனது. பொன்மணி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் பூச்சட்டி மருந்தின் அலுமினியத் தூள் மின்னியது.

"பேசிட்டியா?"

"இல்லம்மா. அடுத்த வியாழக்கிழமையாம்."

வேலுச்சாமிக்குத் தாங்கவில்லை. "அங்கன அம்புட்டு நேரம் என்னதான் செஞ்சாக?"

"'கவலை'ன்னு முடிவு பண்ணுனாக மாமா."

"யாரப் பத்திக் கவலை?"

இசைவாணி யோசித்தாள். குறிப்பேட்டை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். "அது வரைக்கும் வரலை மாமா."

வேலுச்சாமி சிரிக்கத் தொடங்கினார், பொன்மணிக்கும் தொற்றியது. தன் நெஞ்சில் இன்னும் இறங்காத அழுகையோடு இசைவாணியும் சிரித்தாள். "அடுத்த வியாழனும் நிறுத்தணுமா தாயி?" என்று கேட்டார் அவர். "நிறுத்தணும் மாமா." "செஞ்சிருவோம். அணுகுண்டு உட்பட."

வீடு திரும்பி, அன்றைய கூட்டக் குறிப்பை அவளே எழுதி அனுப்பினாள். பொருள் ஏழு: ஒத்திவைக்கப்பட்டது.

பேரரசுகள் பெயரடைக்குப் பொருதுகையில் பொட்டலிலே அமைதி நாட்டியவளே! அணுவைத் தடுத்தவளே, ஊதுபத்தியை நிறுத்தியவளே, பதினான்கு பெண்களின் ஷெட்டைத் தன்னை அறியாமலே காத்தவளே! உன் புகழ் ஆனைக்குட்டத்து அணை நிறைந்ததுபோல நிறைக. சாத்தூர் முதல் தலைமையகம் வரை முரசறைக. மூவுலகும் எழுந்து நின்று உன் திருப்பெயரை முழங்குக!

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரும் முறை என்பதால் இசைவாணி குடங்களைக் கழுவி வைத்தாள்.