ஏழாம் பம்பு நிலையத்து வெள்ளரிக்காய்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் வடக்கே ஓடுகிற பெச்சோரா ஆறு இந்த நிமிஷமே தெற்குப் பக்கம் திரும்பி ஓடட்டும். எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் கொட்டிப் போகட்டும். டெலிபோனில் கேட்ட காதும் ஊறுகாய் தின்ற நாக்கும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. சத்தியத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெச்சோராவுக்கு அப்பால், மரமே முளைக்கக் கூச்சப்படுகிற சமவெளியில், அரசாங்கம் ஒரு குழாய் போட்டிருந்தது. வடக்கே தோண்டிய கச்சா எண்ணெயைத் தெற்கே சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோகிற குழாய். அங்கே மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும். எண்ணெயின் சூடு மண்ணில் பட்டால் மண் உருகி, குழாய் சாய்ந்து முறியும். சூடு போய்விட்டாலோ எண்ணெய் உறைந்த நெய்யாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாயைக் கால்மேல் தூக்கி நிறுத்தி, பஞ்சும் தகரமுமாகத் தடித்த போர்வை சுற்றியிருந்தார்கள். நடுநடுவே எண்ணெயைத் தள்ளிவிடப் பம்பு நிலையங்கள்.

ஏழாம் நிலையத்தின் தலைவர் சோசிமா யெகோரிச் ரோச்செவ். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: ஜன்னலைத் திறந்தால் கருங்கடல் தெரியவேண்டும். குற்றம் குறையில்லாமல் வடக்கில் சேவைக்காலம் முடித்தவருக்கு அந்தக் கடலோரத்து அனாப்பா ஊரில் வீடு என்பது சட்டம். அவருக்கு இன்னும் ஒரு குளிர்காலம்தான் பாக்கி. ஆகவே அவர் நல்ல காரியமும் செய்வதில்லை, கெட்ட காரியமும் செய்வதில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் மேலே பெயர் தெரிந்துவிடும் அல்லவா?

அப்படிப்பட்டவருக்குக் கறை, வெள்ளரிக்காய் வடிவத்தில் வந்தது.

அவர் மனைவி கிளாஃபிரா, நிலையத்தின் பின்புறம் குழாய்ப் போர்வையில் ஒரு முழ நீளம் பிரித்துவிட்டு, அடியில் மண்பெட்டி வைத்து, மேலே பழைய ஜன்னல் கண்ணாடியைச் சாய்த்திருந்தாள். குழாய்ச் சூட்டில் வெந்தயக்கீரை வந்தது. அப்புறம் வெள்ளரி வந்தது. சோசிமாவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவார். தெரியாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது.

ஏப்ரல் மாதம் மாகாணத் தலைநகரிலிருந்து குழாய்த் துறை மேலதிகாரி இன்னொகெந்தி ல்வோவிச் பெஸ்பரோத்கோ ஆய்வுக்கு வந்தார். ஆய்வு முறைப்படி நடந்தது. அதாவது சாப்பாட்டு மேஜையில் நடந்தது. ஓட்கா ஊற்றினார்கள். ஒரு மடக்கு குடித்தால் கையோடு கடித்துக்கொள்ள ஏதாவது இருக்கவேண்டும் என்பது அந்த ஊர் தர்மம். வெறும் கிளாஸை மட்டும் நீட்டுவதற்குப் பதில் விருந்தாளியைக் கன்னத்தில் அறைந்தே அனுப்பிவிடலாம். அன்றைக்குப் பார்த்து வீட்டில் கருவாடு தீர்ந்திருந்தது. கலைமான் இறைச்சி கொட்டகையில் கல்லாய்த் தொங்கியது. குடும்ப மானம் போகிற நேரத்தில் குழாயாவது கிழாயாவது என்று கிளாஃபிரா பின்பக்கம் போனாள். வரும்போது தட்டில் வெள்ளரிக்காய், பச்சைப் பசேலென்று, நறுக்கி உப்புத் தூவி.

பெஸ்பரோத்கோ ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். வெளியே எச்சில் துப்பினால் கீழே கல்லாக விழுகிற குளிர்.

“இது என்ன, தோழர்?”

“வெள்ளரிக்காங்க.”

“எனக்கும் கண்ணு இருக்கு. ஏப்ரல் மாசத்துல, இந்த ஊர்ல, இது எப்படின்னு கேக்கிறேன்.”

அனாப்பா வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்கிற சத்தம் சோசிமாவுக்குக் கேட்டது. “எல்லாம் ஊழியர்களோட ஆர்வம்தாங்க,” என்றார்.

“ஆர்வத்துல வெள்ளரி காய்க்குமா?”

“சரியான தலைமை இருந்தா காய்க்குங்க.”

இந்தப் பதிலை மறுக்கிற அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. அதோடு அந்த வருஷத்து மோஸ்தர் வேறு அப்படி. ஒவ்வொரு நிறுவனமும் தன் காய்கறியைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்தில் ஒருவர் பேசிவிட்டிருந்தார். தீயணைப்பு நிலையம் வாத்து மேய்த்தது. இசைப்பள்ளி பன்றி வளர்த்தது. பன்றிகள் மூன்றாம் வகுப்பு வரை தேறியதாகச் சொன்னார்கள். குழாய்த் துறையிடம் மட்டும் காட்ட ஒரு கீரைத்தண்டு கூட இல்லாமல் பெஸ்பரோத்கோ கூட்டத்துக்குக் கூட்டம் தலைகுனிந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பத்திரிகையில் “உறைமண் பணிந்தது” என்று கொட்டை எழுத்தில் வந்தது. அந்த நாட்டில் ஒரு காரியத்தைச் செய்துகாட்டினால், அடுத்த வருஷத் திட்டத்தில் அதற்கு மேலே போட்டுக் கேட்பார்கள். வண்டி மாட்டுக்குத் தெரிந்த இந்த ரகசியம் சோசிமாவுக்கும் தெரியும். தட்டில் இருந்த வெள்ளரி, மாவட்டத்தில் கூடையாகி, மாகாணத்தில் மூட்டையாகி, தலைநகர் போய்த் திரும்பியபோது தொன் கணக்கில் இலக்காக வந்து நின்றது.

வேறு வழியின்றி சோசிமா பெஸ்பரோத்கோவிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டார்: போர்வையில் ஓட்டை போட்டு, எண்ணெயின் சூட்டைத் திருடி விளைந்த காய் அது.

பெஸ்பரோத்கோ மேஜையைத் தட்டினார். “அப்போ இத்தனை வருஷமா இவ்வளவு சூட்டையும் மக்களுக்குத் தெரியாம போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?”

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் போர்வையைப் பிரித்து, அடியில் மண்பெட்டி, மேலே கண்ணாடி. காற்று மட்டும் நடமாடிய பொட்டலில் வெள்ளரிக்கொடி படர்ந்தது. கலைமான்கள் வேடிக்கை பார்க்க வந்து கொடியைத் தின்றன. அதையும் கால்நடைத் தீவனம் என்று ஒரு துறை தன் சாதனையில் சேர்த்துக்கொண்டது.

கோடை போய்க் குளிர் இறுகியது. எட்டாம் நிலையத்துத் தலைவி கப்பித்தொலினா கானெவா சோசிமாவை டெலிபோனில் பிடித்துக்கொண்டாள்.

“என்ன வெள்ளரிக்கா ராசா, எண்ணெய் அனுப்பறியா, இல்ல களி கிண்டி அனுப்பறியா? இங்க பம்பு மூச்சு வாங்குது.”

“மேல சொல்லு, கப்பா. என் கையில எதுவும் இல்ல.”

“உன் கையில எதுவும் இல்லன்னு ஊருக்கே தெரியும்யா. இந்தக் குழாய் நின்னுதுன்னா நீ கடலைப் படத்துலதான் பாக்கணும்.”

அவள் மேலே சொன்னாள். மேலிடம் ஆராய்ந்தது. குழாய்க்குப் போர்வை உண்டு என்று வரைபடத்தில் இருக்கிறது. போர்வை இருந்தால் எண்ணெய் குளிராது. ஆகவே கோளாறு எட்டாம் நிலையத்து வெப்பமானியில்தான். வெப்பமானியை மாற்றினார்கள். புதியதும் அதே குளிரைக் காட்டியது. பழையதோடு கூடிப் பேசி முடிவெடுத்த குற்றத்துக்காக அதையும் கழற்றினார்கள். வெப்பமானி இல்லாத பிறகு எண்ணெய் குளிர்ந்ததற்கு ஆதாரமே இல்லாமல் போயிற்று. ஒரு வாரம் எல்லாம் சுமுகமாக இருந்தது. அப்புறம் எண்ணெய் நின்றேவிட்டது.

ஆணையம் கூடியது. வெள்ளரி பத்திரிகையில் பாராட்டப்பட்ட காய். எனவே அது காரணமாக இருக்கமுடியாது. எண்ணெயைச் சூடாக்க வழிநெடுகக் கொதிகலன் வைப்பது என்று தீர்மானமாயிற்று. கொதிகலனுக்கு டீசல் வேண்டும். டீசலுக்கு ஆலைக்கு ஆள் போனது. டீசல் தருகிறோம், எண்ணெய் வரட்டும் என்றது ஆலை. எண்ணெய் தருகிறோம், டீசல் வரட்டும் என்றது ஆணையம். இரு தரப்பும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்டதாக அறிக்கை வெளியாயிற்று.

பெஸ்பரோத்கோ மறுபடி ஏழாம் நிலையத்துக்கு வந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“நாம ரெண்டு பேரும் உள்ள போகப்போறோம், சோசிமா யெகோரிச். வருஷக் கடைசி வருது. குழாய்த் திட்டம் பாதாளத்துல கிடக்கு.”

சோசிமா சுவரில் ஒட்டியிருந்த கருங்கடல் படத்தைப் பார்த்தார். சிறைச்சாலைச் சுவரில் ஆணி அடிக்க விடுவார்களா என்று தெரியவில்லை.

கிளாஃபிரா ஓட்காவை வைத்து, கொட்டகைப் பீப்பாயிலிருந்து ஊறுகாய் வெள்ளரியை அள்ளி வந்து வைத்தாள். பெஸ்பரோத்கோ குடித்தார், கடித்தார். மெல்லுகிற வாய் பாதியில் நின்றது.

“ஏம்மா, பீப்பா கொட்டகையிலயா இருக்கு?”

“பின்ன, கட்டில்லயா?”

“உறையலையா?”

“இத்தனை உப்பு போட்டா எப்படி உறையும்? கையை விட்டா வழவழன்னு ஓடுது.”

பெஸ்பரோத்கோ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். “குழாய்த் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லுங்க, பாப்போம்.”

சோசிமாவுக்கு அது மனப்பாடம். குழாய் வழியே தெற்கே அனுப்ப வேண்டியது இத்தனை தொன்.

“என்னத்தை அனுப்பணும்னு இருக்கா?”

“இல்லீங்க. எழுதினவருக்கு அது தோணலை போல.”

கிளாஃபிரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னமோ பண்ணித் தொலைங்க. ஆனா பூண்டும் வெந்தயமும் இல்லாம அனுப்பினா என் பேர் கெட்டுப்போகும்.”

ஒரே ஒரு இடைஞ்சல், உப்பு. உப்பு உணவுத் துறையின் பங்கீடு. குழாய்த் துறைக்கு ஒரு சிட்டிகை கிடையாது. ஆனால் கடல் எந்தத் துறைக்கும் ஒதுக்கப்படவில்லை. எண்ணெய் ஏற்ற வழியில்லாமல் ரயில் தொட்டிவண்டிகள் வரிசை வரிசையாகச் சும்மா நின்றன. அவற்றை அனாப்பாவுக்கு அனுப்பிக் கருங்கடலை மொண்டு வந்து, ஏழாம் நிலையத்துத் தொட்டியில் கொட்டிச் சுண்டக் காய்ச்சினார்கள். காய்ச்ச என்ன எரித்தார்கள் என்கிறீர்களா? குழாயிலிருந்து உரித்து எடுத்தால் எண்ணெய்க்களி அருமையாக எரிந்தது. மிச்சக் களியைப் பற்பசை பிதுக்குவது போலப் பிதுக்கித் தள்ளிவிட்டு, பின்னாலேயே ஊறுகாய் புறப்பட்டது. எட்டாம் நிலையத்தில் பழைய வெப்பமானிகளைத் திரும்ப மாட்டினார்கள். அவை காட்டிய குளிர், ஊறுகாய்க்குச் சரியான குளிர் என்று சான்றிதழ் பெற்றது.

ஆலை என்ன சொன்னது என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கும் மனிதர்கள்தான், அவர்களிடமும் ஓட்கா இருந்தது. வந்து சேர்ந்த கச்சாப் பொருளில் பிசின் குறைவு, மணம் அதிகம் என்று மேலே தெரிவித்தார்கள். லாரிகள் நின்றன, டிராக்டர்கள் துருப்பிடித்தன. ஆனால் நாடெங்கும் ஒரு கிளாஸ் கூடத் துணையில்லாமல் போகவில்லை. ஆகவே முறையிட யாருக்கும் வாய் ஒழியவில்லை.

சோசிமாவின் கடைசிக் குளிர்காலம் முடிந்தது. வீட்டைக் கேட்டார். குழாய் வரலாற்றில் திட்டத்தை இரண்டு மடங்காக முடித்த ஒரே மனிதரை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவது தேசத் துரோகம் என்று பதில் வந்தது. கூடவே ஒரு பதக்கம். தவிர, அவர் விரும்பிய கடல்தான் வாரம் தவறாமல் அவரைத் தேடி வருகிறதே என்று மேலிடம் நினைவுபடுத்தியது. அனாப்பா வீடு, கடல் மொள்ளும் வேலையை மேற்பார்வையிடப் போன பெஸ்பரோத்கோவுக்குக் கிடைத்தது.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் சோசிமா தொட்டி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். சில நாள் கிளிஞ்சல் வரும். ஒரு நாள் யாரோ குளித்துவிட்டுத் தொலைத்த செருப்பு வந்தது.

போன மாதம் அனாப்பாவிலிருந்து பெஸ்பரோத்கோ டெலிபோனில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“சோசிமா யெகோரிச், கடல் கொஞ்சம் உள்ள போயிருச்சு. ஜன்னல்லேர்ந்து பாத்தா வெறும் சேறுதான் தெரியுது. அங்க எப்படி?”

சோசிமா தொட்டியை எட்டிப் பார்த்தார். “இங்க அலை அடிக்குதுங்க,” என்றார்.

நீங்கள் கேட்டதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். வற்புறுத்திக் கேட்டால் காற்று சொன்னது என்று சொல்லி வையுங்கள். அதிலும் தெற்கத்திக் காற்று என்று சொல்லுங்கள். வாடைக்காற்றின் மேல் ஏற்கெனவே ஒரு விசாரணை நடக்கிறது.