மாராத்தா கட்டிய மேட்டுப்பாத்தி

ஒரு காட்டில், மழை பெய்தால் மாதக்கணக்கில் தண்ணீர் வடியாத ஒரு பள்ளத்தில், மாராத்தா என்றொரு முயல் குடியிருந்தது. பள்ளத்தில் போய் ஏன் குடியிருந்தது என்று கேட்கிற மகராசர்கள், மேடெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று தங்கள் ஊரில் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

போன மழையில் மாராத்தா போட்டிருந்த கீரையெல்லாம் வேர் அழுகிப் போயிற்று. பசியில் இரண்டு குட்டிகள் செத்தன. காடு திரண்டு வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போயிற்று. உச்சுக் கொட்டுவதில் அந்தக் காட்டை அடித்துக்கொள்ள வேறு காடு கிடையாது.

இந்த வருசமும் குட்டிகள் பிறந்தன. மாராத்தாவுக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. "தண்ணி எறங்கலீன்னா போகட்டும். மண்ணை நான் மேல தூக்கிக்கறேன்" என்று முடிவு செய்து, மேட்டுப்பாத்தி கட்ட இறங்கியது.

காற்றில் சாய்ந்த மரத்திலிருந்து பலகை பெயர்த்து நான்கு பக்கமும் நிறுத்தியது. கறையான் ஏறாமல் இருக்க வேப்பங்கொட்டையை நசுக்கிப் பூசியது. அடியில் சுள்ளியும் சருகும் போட்டு, அதன்மேல் மக்கிய எரு, அதன்மேல் மணல் கலந்த செம்மண் என்று நிரப்பியது. எருவுக்காக எருமையிடம் அது கெஞ்சிய கெஞ்சலை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் சாணிக்கு அத்தனை மதிப்பு இருக்கிறது என்று எருமைக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

பாத்தியின் அகலத்தை மாராத்தா யோசித்து வைத்தது. வெளியே நின்று முன்னங்காலை நீட்டினால் நடுப்பாத்தி எட்ட வேண்டும். ஏனென்றால் மேட்டுப்பாத்திக்கு இருப்பது ஒரே சட்டம்: உள்ளே கால் வைக்கக் கூடாது. மிதித்தால் மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது.

குட்டிகளுக்கும் அதையே சொல்லி வைத்தது. "நரி தொரத்துனாக்கூட பாத்தி மேல ஏறி ஓடப்படாது கண்ணுகளா. சுத்தித்தான் ஓடோணும்."

முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் ஓரத்தில் முள்ளங்கியும் போட்டது. முளை விட்டதும் சருகால் மூடாக்கு இட்டது. மண் தணிந்த இடங்களில் மறுபடி எரு போட்டு நிரப்பியது. மழைக்கு முன் வேர் பிடித்துவிட்டால் குட்டிகள் பிழைக்கும் என்று நம்பியது. நியாயமான நம்பிக்கைதான். நாற்றுகளும் பச்சைப் பசேல் என்று வந்தன.

அப்போதுதான் மாராத்தா ஒரு முட்டாள்தனம் செய்தது. சந்தோசம் தாங்காமல் பாத்தியைப் போட்டோ எடுத்துக் காட்டு குரூப்பில் போட்டுவிட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் நரி நாகமாணிக்கம் வந்து நின்றது. காட்டில் எங்கே எந்த விழா நடந்தாலும் ஏற்பாடு அதனுடையது. வேறு தொழில் அதற்கு இருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

"அம்மிணி, இத்தன பெரிய காரியத்தப் பண்ணிப்போட்டு சத்தமில்லாம இருக்கறீங்களே! இதுக்கு ஒரு தொறப்பு விழா வெக்கோணுமுங்க."

"தொறக்கறதுக்கு இதுல கதவு ஏதுங்க?"

"கதவு இல்லாட்டிப் போகுது. தலைவரு இருக்காருல்லங்க!"

தலைவர் என்றால் காட்டுப்பன்றி வெள்ளியங்கிரி. பயிர்ப் பாதுகாப்புப் பேரவை என்று ஒன்று இருந்தது, அதற்குத் தலைமை. அந்தக் காட்டில் பயிர்களைப் பற்றிப் பன்றி அளவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அத்தனையும் தின்று பார்த்த அனுபவம்.

விழா நாளில் பள்ளத்தின் வாயில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் பன்றி பெரிதாகச் சிரித்தது, நரி கும்பிட்டது. மாராத்தாவின் ஒரு காது மட்டும் ஓரத்தில் தெரிந்தது. மைக் வந்தது. பன்றி வந்தது. வந்ததும் அக்கம்பக்கம் பார்த்து, மேடை எங்கே என்று தேடியது.

நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தரையைவிட ஒரு சாண் உயரமாக எதைக் கண்டாலும் அது மேடை. பாறை கண்டால் மேடை, புற்று கண்டால் மேடை. பாம்பு உள்ளே இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஏறி, "பெரியோர்களே" என்று தொடங்கிவிடுவார்கள். பள்ளத்தில் உயரமாக இருந்தது பாத்தி ஒன்றுதான். பன்றி ஒரு குளம்பைத் தூக்கிப் பலகைமேல் வைத்தது.

மாராத்தா பதறிப்போய்க் குறுக்கே ஓடியது. "சாமி, அதுல கால் வெக்காதீங்க! பயிரு இருக்குதுங்க!"

நரி அதை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னது. "என்னுங்க அம்மிணி இது? ஏறுனவரக் கீழ எறங்கச் சொல்லலாமுங்களா? மருவாதி தெரியாத குடும்பம்னு பேராயிருமுங்க."

மாராத்தா வாயை மூடிக்கொண்டது. அதன் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு குட்டியைப் பறிகொடுத்த தாய், பேருக்குப் பயந்து வாயை மூடலாமா? ஆனால் நாமெல்லாம் எத்தனை முறை மூடியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் கோபம் பாதி குறைந்துவிடுகிறது.

அடுத்து மாலை. வேளாண்மை விழாவில் பூமாலை போடக் கூடாது, கீரை மாலைதான் போட வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். நரி மாலை கொண்டுவர மறந்திருந்தது. அதற்கென்ன, கையெட்டும் தூரத்தில் பாத்தி இருக்கிறதே! பன்றியின் காலில் சிக்காமல் மிச்சமிருந்த நாற்றையெல்லாம் நரியே பிடுங்கி, கொடியில் கோத்து, மாராத்தாவின் கையில் கொடுத்தது. "வீட்டுக்காரங்க போடறதுதானுங்க மொறை."

மாராத்தா போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"மண் நம் தாய்!" என்று பன்றி முழங்கி ஓங்கி மிதித்தது. "தாயை மிதிக்கலாமா?" என்று கேட்டு மறுபடி மிதித்தது. அது முடிந்ததும் வாழ்த்துரைக்கு ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் நன்றியுரைக்குக் கரடி ஏறியது. அதற்குமேல் அந்த மண்ணில் இறுகுவதற்கு ஒன்றும் இல்லை. பன்றி, வீட்டுக்குப் போகிற வழியிலேயே மாலையைக் கழற்றித் தின்றுவிட்டது.

எல்லோரும் போன பிறகு மாராத்தா மண்ணைக் கிளறிப் பார்த்தது. நகம் உடைந்தது. உட்கார்ந்து அழுதது. அழுது முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தேங்கியது போதாதென்று, அந்த வருசம் மேட்டுப்பாத்தியிலும் தண்ணீர் தேங்கியது.

சரிவில் குடியிருக்கிற மான் ராக்கியண்ணன் எட்டிப் பார்த்தது. அதற்குச் சரிவு நிலம், நல்ல கீரைத் தோட்டம், தண்ணீர் நிற்கிற கவலையே இல்லை. "பராமரிப்புப் பத்தாதுங்க மாராத்தா" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. ஒரு பிடி கீரை கொடுக்கத் தோன்றவில்லை. அறிவுரை கொடுத்தால் தோட்டம் குறையாதல்லவா!

குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. கடைக்குட்டிக்குக் காதைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்து நரி மறுபடி வந்தது. மழைக்கால மேட்டுப்பாத்திப் பயிற்சி முகாமாம். பள்ளத்தைச் சுற்றி எங்கும் சேறு, ஏறி நிற்கத் தோதான இடம் பாத்தி ஒன்றுதானாம். சிறப்பு விருந்தினர் சிறுத்தை.

சிறுத்தை என்றதும் மாராத்தாவுக்கு உயிரே போயிற்று. "பயப்படாதீங்க அம்மிணி" என்றது நரி. "மைக்கும் கேமராவும் இருக்கற வரைக்கும் அவரு யாரையும் திங்க மாட்டாருங்க."

முகாம் நடந்தது. இந்த முறை மாலைகளை ஊரார் கொண்டுவந்தார்கள். யார் மாலை பெரிது என்று போட்டி வேறு. முருங்கை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை என்று தோட்டத்தில் இருந்ததையெல்லாம் பிடுங்கிக் கோத்துவந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாலை ராக்கியண்ணனுடையது. பசித்த குட்டிக்கு இல்லாத கீரை, சிறுத்தையின் கழுத்துக்கு இருந்தது.

சிறுத்தை பேசியது, போட்டோவுக்கு நின்றது. மாலைகளை அருவருப்போடு கழற்றிப் பாத்திக்குப் பின்னால் வீசிவிட்டுப் போயிற்று. கீரை தின்கிற சாதியா அது?

குட்டிகள் தவழ்ந்து போய்த் தின்றன. வெகுநேரம் தின்றன. கடைக்குட்டி காதைத் தூக்கியது.

மாராத்தா அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றது. விடிந்ததும் நேரே நரியின் குகைக்குப் போய், "அடுத்த கூட்டம் எப்பங்க?" என்று கேட்டது.

அதன்பிறகு அது மண்ணைக் கிளறவில்லை. தலைவர்களின் கால் வழுக்கக் கூடாதென்று, குட்டிகளோடு சேர்ந்து அதுவே மிதித்துக் கெட்டிப்படுத்தியது. வாரம் தவறாமல் கூட்டம். விருந்தினரை அதுவே தேர்ந்தெடுத்தது. பன்றிக்கு அழைப்பில்லை. கீரை தின்னாத தலைவர்கள் மட்டும்: ஓநாய், கழுகு, மலைப்பாம்பு. மலைப்பாம்பு மேல் மாராத்தாவுக்குத் தனிப் பிரியம். உடம்பு முழுக்கக் கழுத்து, எத்தனை மாலை வேண்டுமானாலும் போடலாம்.

குட்டிகள் கொழுத்தன. மாராத்தாவுக்குப் பச்சைத் துண்டு போர்த்தி, 'உழவர் திலகம்' என்று பட்டம் கொடுத்தார்கள். காட்டில் கீரைத் தோட்டமெல்லாம் மொட்டையாகிவிட்டது. ஆனாலும் மாலை போடுவதை ஒருவரும் நிறுத்தவில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் போடும்போது நாம் போடாமல் இருப்பதா!

ஒரு நாள் ராக்கியண்ணன் விலா எலும்பு தெரிய வந்து நின்றது. வாயில் கவ்விவந்த இலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தது.

"எங்க பக்கம் ஒரு இலை இல்லீங்க மாராத்தா. கீரையெல்லாம் புடுங்குனதுல சரிவு மண்ணு கரையுது, போட்ட வெதையெல்லாம் மழையில அடிச்சுட்டுப் போகுது. இந்த வெதைய உங்க பாத்தியில போட்டுக்கட்டுங்களா? பலகை கட்டுன மேடாச்சே, பொழைச்சுக்கும்."

மாராத்தா அந்தப் பொட்டலத்தைப் பார்த்தது. செத்த குட்டிகளின் ஞாபகம் வந்தது. அதற்குள் தோளில் துண்டு சரிந்தது. அதை எடுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டது.

"மேடையில மண்ணக் கிளறப்படாதுங்க மானண்ணா. நாளைக்குப் பாம்பையா வர்றாருங்க. நீங்களும் வாங்க. வர்றப்ப வெறுங்கையோட வந்துராதீங்க."

மான் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போயிற்று. கடைக்குட்டி அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, அவரு என்னத்துக்கு வெதையக் கொண்டாந்தாரு?" என்று கேட்டது.

"கீரை மொளைக்கறதுக்குக் கண்ணு."

குட்டி விழுந்து விழுந்து சிரித்தது. "மண்ணுலயா? கீரை கழுத்துலதானேம்மா மொளைக்கும்!"

மாராத்தா பதில் சொல்ல வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு மைக்கைத் துடைக்கப் போயிற்று.

நீதி: வீட்டில் மேட்டுப்பாத்தி கட்டுங்கள், மண்ணை நன்றாக மிதியுங்கள், விதையை மட்டும் போட்டுவிடாதீர்கள். கீரை தின்னாத தலைவராகப் பார்த்துக் கூப்பிட்டால் உங்கள் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உச்சுக் கொட்டினால் போதும்.