ஸ்பெயினுக்கு விசில் ஊதியவர்

ஒரகடத்தை விட்டு நகராமலே ஸ்பெயின் தேசத்தின் அத்தனை திருவிழாக்களுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஹெல்மெட் சார். ஸ்பெயின்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு சிலை வைத்திருப்பார்கள். இவரும் போய் நின்று, "சிலைக்கு ஹெல்மெட் எங்கப்பா?" என்று கேட்டிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். நான் அந்தக் கம்பெனிக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டினேன். தண்டலத்தில் ஆள் எடுத்து, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். பயத்தை மட்டும் இன்றுவரை விடவில்லை. டயரை மூன்று தடவை சுற்றிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன். அதனாலேயே அவருக்கு என்னைப் பிடித்துப் போயிற்று. தினமும் எனக்குப் பக்கத்து ஒற்றை சீட்டு அவருடையது.

பிரஸ் மெஷின் பொருத்துவதற்காக ஸ்பெயினிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சில மாதம் இருந்தார். ஒரு நாள் கேன்டீனில் சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஊர் ஞாபகத்தில் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் சார் எட்டிப் பார்த்தார். ஒரு குறுகலான தெரு. வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு கட்டிய ஆட்கள் ஓடுகிறார்கள். பின்னால் முட்ட வரும் மாடுகள். வேறு யாராக இருந்தாலும் மாட்டைப் பார்த்திருப்பார்கள். இவர் வேலியைப் பார்த்தார்.

மறுநாள் பஸ்ஸில் அதே பேச்சு.

"டபுள் வேலிப்பா! ரெண்டு வேலிக்கு நடுவுல ஃபர்ஸ்ட் எய்டு ஆளுங்க ரெடியா நிக்கிறான். பட்டிக் கதவு தொறந்தா ஒரு வாணம். எல்லா மாடும் தெருவுக்கு வந்துட்ச்சின்னா இன்னொரு வாணம். இன்னா கம்யூனிகேஷன் பாத்தியா!"

"அப்ப யாருக்கும் அடியே படாதா சார்?"

"படும். வருசா வருசம் படும்." அவர் முகம் வாடிப் போயிற்று. "மாட்டுக்கு டிரெய்னிங் இல்லியே."

அன்றிலிருந்து அவருக்கு ஸ்பெயின் பிடித்துக்கொண்டது. அந்த இன்ஜினியரை விடவில்லை. போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, உங்க ஊரில் தையில் என்ன, மாசியில் என்ன என்று குடைந்து எடுத்தார். இன்ஜினியர் ஊர் திரும்பிய பிறகும் இவர் வீடியோ பார்ப்பதை நிறுத்தவில்லை. மாசத்துக்கு ஒரு திருவிழா எங்கள் பஸ்ஸில் ஏறும். ஒவ்வொன்றையும் அவர் ஆபத்து வாரியாகப் பிரித்துப் போடுவார். கேட்கக் கேட்க எங்களுக்கும் அந்த ஜனங்கள் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. இப்படியெல்லாம் கூடச் செய்வார்களா என்று.

"மத்தி மீனுக்கு சாவு ஊர்வலம் எடுக்கிறாம்பா," என்பார். "கறுப்புத் துணி கட்டிகினு, நெஞ்சுல அட்ச்சிகினு, ஊரே அய்துகினு போவுது. அத்தோட கொண்டாட்டம் முடிஞ்சிது, நோன்பு ஆரம்பம்."

பின் சீட்டில் இசக்கி இருந்தான். திருநெல்வேலிப் பக்கம்; வெல்டிங் லைனில் வேலை. "சாளைக்கா சார் ஒப்பாரி வைக்கானுவ? எங்க ஊர்ல கொழம்புல போட்டுத்தான் அடக்கம் பண்ணுவோம்."

பங்குனி வந்தால் பொம்மை எரிக்கிற திருவிழா. வருஷம் முழுக்க உட்கார்ந்து மாடி உயரத்துக்குப் பொம்மை செய்து, ஒரே ராத்திரியில் கொளுத்திவிடுவார்களாம்.

"நம்ம போகி மாதிரியா சார்?" என்றேன்.

"நாம பழச எரிக்கிறோம். அவன் புச்சா செஞ்சு எரிக்கிறான். ஒரே ஒரு பொம்மைய மட்டும் ஜனங்க ஓட்டுப் போட்டுக் காப்பாத்திடுவாங்க."

மற்ற பொம்மைகளைச் செய்தவர்கள் அன்றைக்கு வீட்டில் சோறு தின்பார்களா என்று வல்லம் தாண்டும் வரை எனக்கு ஒரே யோசனை. ஹெல்மெட் சாருக்கு வேறு யோசனை. மொத்தம் எத்தனை தீயணைப்பான் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்.

தக்காளி எறிகிற விழாவைப் பற்றிச் சொன்ன அன்று அவர் கண் கலங்கியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். "தக்காளிய அப்டியே எறியக் கூடாதாம்பா. கையில நசுக்கிட்டுதான் எறியணும்னு ரூல் வெச்சிக்கிறான். அடுத்தவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு. அவன் மனுசன்!" அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயை ரோட்டில் உடைக்க விடவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு மூலையில் உடைத்து, துண்டு துண்டாகப் பொறுக்கி, அந்த இடத்தைத் துடைத்த பிறகுதான் என் பஸ் நகர்ந்தது. திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, யார் வண்டியும் வழுக்கவில்லை.

புது வருஷத்துக்கு அந்த ஊரில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை தின்பார்கள். அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு விடியற்காலை, முதல் ஷிஃப்ட் பஸ் கிளம்புகிற நேரம். அன்றைக்கு ஹெல்மெட் சார் திராட்சையோடு ஏறினார். விதையில்லாதது, அதையும் தொண்டையில் சிக்காதபடி பாதி பாதியாக நறுக்கி வந்திருந்தார். "மணிக்குப் பதிலா விசில். ஒரு விசிலுக்கு ஒண்ணு. மென்னு முழுங்கணும்!" என்று அறிவித்துவிட்டு ஊதினார்.

எனக்கோ விசில் கேட்டால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். பன்னிரண்டு விசிலுக்கும் பஸ் பன்னிரண்டு தடவை குலுங்கி நின்றது. புது வருஷம் பிறந்தபோது பாதிப் பேர் மடியில் திராட்சை, மீதிப் பேர் மடியில் பக்கத்து சீட்டுக்காரர்.

"இன்னாபா ஓட்றே?" என்று என்னை முறைத்தார்.

"நீங்க ஊதினா நிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதான்."

அதே ஜனவரி மாதத்தில் ஸ்பெயினில் பைபிளில் வருகிற மூன்று ராஜாக்கள் யாருக்கும் தெரியாமல் வந்து, பிள்ளைகள் வெளியே விட்டு வைத்த ஷூவுக்குள் பரிசு போட்டுவிட்டுப் போவார்களாம். இது ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நடக்குற வழியில ஷூவ வுட்டா தடுக்கி வுய மாட்டானா? ராஜாவே வுயுவான்!"

ஆனால் அவருக்கு உயிர் என்றால் மனிதக் கோபுரம்தான். ஆள் மேல் ஆள் ஏறி நிற்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்வார். கீழே ஊரே கூடி, நெஞ்சு முதுகில் ஒட்ட நெருக்கி நிற்கும். கீழே நிற்பவன் மேலே பார்க்கக் கூடாது. ஏறுகிறவன் வெறுங்காலோடு ஏறுவான். இடுப்பில் சுற்றிய துணிதான் அடுத்தவனுக்குப் படிக்கட்டு. உச்சியில் ஒரு குழந்தை ஏறிக் கையைத் தூக்கிக் காட்டும். "அந்தக் கொயந்த ஹெல்மெட் போட்டுக்குதுப்பா!" என்று சொல்லும்போது கழுத்து விசிலைத் தொட்டுக்கொள்வார். "ஏறிட்டா முடிஞ்சிதுன்னு இல்ல. எல்லாம் பத்திரமா எறங்கினாத்தான் கோபுரம். எறங்கினாத்தான் கணக்கு." கேட்டுக் கேட்டு எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் மனப்பாடம்.

எங்கள் பிளான்ட் வாசலில் ஒரு போர்டு உண்டு. விபத்தில்லாமல் போன நாட்களின் எண்ணிக்கை. யாருக்காவது அடிபட்டால் அது பூஜ்யத்துக்குப் போகும். அந்த வருஷம் மேனேஜ்மென்ட் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. பொங்கல் வரை போர்டு பூஜ்யத்துக்குப் போகாவிட்டால், லைனை நிறுத்திப் பொங்கலுக்கு முழு லீவு. தெற்கத்திப் பசங்களுக்கு அந்த போர்டுதான் ஊருக்கு டிக்கெட். இசக்கி போன பொங்கலுக்கு ஓ.டி.யில் நின்றுகொண்டே அம்மா பானை வைத்ததை வீடியோ காலில்தான் பார்த்தான். பால் பொங்குகிற நேரத்துக்குச் சரியாக நெட் போய்விட்டது. இந்த வருஷமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் போர்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவான்.

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது டூவீலர் ஷெட்டில் தோரணம் கட்டினார்கள். தோரணக் கம்பி டியூப் லைட்டை உரசிக்கொண்டிருந்ததை ஹெல்மெட் சார் பார்த்துவிட்டார். ஏணி சாத்தியிருந்தது. இடுப்பு பெல்ட் ஸ்டோரில் இருந்தது. ஒரு நிமிஷ வேலைதானே என்று ஏறிவிட்டார். 'ஒரு நிமிஷ வேலை' என்று சொன்னவனையெல்லாம் நிற்க வைத்து விசில் ஊதியவர் அவர். ஏறி, ஷெட் ஓரத்து இரும்புச் சட்டத்தில் தவழ்ந்து லைட் பக்கம் போனார்; கீழே பார்க்கவே இல்லை.

அப்போது ஹவுஸ்கீப்பிங் தேவி அக்கா வந்தாள். ஏணி நிற்கிறது, ஆள் இல்லை. 'ஆளில்லாத ஏணி ஆபத்து' என்று அவர் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. ஏணியை எடுத்துப் போய் ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியோடு எங்களுக்கு முன்னால் கிளம்பிய வேறு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேலிருந்து விசில் அடித்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். எல்லோரும் தங்கள் தலையைத் தொட்டு ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்தார்களே ஒழிய, ஒருவரும் மேலே பார்க்கவில்லை. மறுபடி விசில். கடைசியில் இசக்கிதான் நிமிர்ந்தான்.

"சார்! அங்கன என்ன பண்ணுதிய?"

சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. உயரம் என்றால் அவருக்கு ஆகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் விழுந்தால் போர்டு பூஜ்யம். பொங்கல் போச்சு.

"ஃபோர்க்லிஃப்ட்ட கொண்டாரவா சார்?" என்று ஒருவன் கத்தினான்.

"ஃபோர்க்லிஃப்ட்ல ஆள ஏத்தக் கூடாது! போர்டு பாக்கல?"

"என் பஸ்ஸக் கொண்டாந்து நிறுத்துறேன் சார், மேல எறங்கிடுங்க," என்றேன்.

"பஸ் மேல ஆள் ஏறக் கூடாது! அதுக்கும் போர்டு கீது!"

கீழே இறங்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அவரே போர்டு எழுதி அடைத்து வைத்திருந்தார். இசக்கி சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஏலே, கோபுரத்துக்கு மட்டும் போர்டு இல்லல!"

யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்தானே. பருத்த ஆட்கள் நடுவில், மற்றவர்கள் சுற்றி, நெஞ்சு முதுகில் ஒட்ட. நான் கடைசி வரிசை. முன்னால் இருந்தவர் முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். இசக்கியும் இன்னொருவனும் இடுப்பில் துண்டைக் கட்டினார்கள். இசக்கி ஒரு தோள் மேல் காலை வைத்தான்.

விர்ரென்று விசில். "டேய், இரும்பு மூக்கு வெச்ச ஷூவோட தோள்ல ஏறுவியா? கயட்டு! ஷூவக் கயட்டுறா!"

தன் வாழ்நாளில் அவர் ஷூவைக் கழற்றச் சொன்னது அந்த ஒரு தடவைதான். "ஹெல்மெட்ட கயட்டாத!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்பெயினில் ஒன்பது அடுக்குகூட ஏறுவார்களாம். எங்களுடையது இரண்டே அடுக்கு. மூன்றாவது அடுக்கு அவரேதான். "வலது பக்கம் நெருக்கு... டிரைவரு, மேல பாக்காத!" என்று விசிலோடு சொல்லிக்கொண்டே காலைக் கீழே விட்டார். எதையும் மூன்று தடவை பார்க்காமல் நம்பாத நான், அன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்க முடியாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாய்ந்த வெயில். சிமென்ட் தரையில் எங்கள் நிழல் நீளமாகக் கிடந்தது. அதன் உச்சியில் ஒரு சின்னத் தலை. அந்தத் தலைக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு கை மேலே எழுந்தது.

எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். "கத்தாத! இன்னும் எறங்கல!" என்றது நிழல்.

இறங்கினார். இறங்கியதும் ஒவ்வொருவர் கையையும் விரித்து, விரல் விரலாகப் பார்த்தார். நான் கான்ட்ராக்ட் பஸ் டிரைவர், அந்தக் கம்பெனி ஆள் இல்லை, போர்டில் எனக்குக் கணக்கில்லை. என் கையையும் விரித்துப் பார்த்தார். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. நேரே வாசலுக்குப் போய், விதி மீறியவர்கள் பெயர் எழுதுகிற கரும்பலகையில் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதை இங்கே எழுத மாட்டேன். பலகையில் இருந்ததே போதும்.

போர்டு தப்பியது. லீவு கிடைத்தது. பசங்களை நானே பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன்.

பொங்கல் முடிந்து திரும்பிய முதல் நாள். ஹெல்மெட் சார் வீட்டிலிருந்து செருப்போடு வந்து, வாசலில் இருக்கிற அலமாரியில் ஷூவை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், அவர் ஷூ அலமாரியில் இல்லை. நடக்கிற வழியில், நட்ட நடுவில் இருந்தது. விசிலை வாயில் வைத்தார்.

"யார்றா இத்த வழியில வெச்சது?"

குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு ஷூவிலிருந்து பனங்கிழங்கு நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கருப்பட்டி, காராச்சேவு, வாழையிலையில் சுற்றிய அல்வா. அதற்கு மேல் நான் வைத்த பொட்டலம். விதையில்லாத திராட்சை, பாதி பாதியாக நறுக்கியது.

"ராசாமாரு வந்துட்டுப் போயிருப்பாவ சார்," என்றான் இசக்கி. "பால் நல்லாப் பொங்குச்சு."

அதற்கப்புறம் அவர் மறைமலை நகர்ப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டார். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் காலைதான். ஷூ போடாமல் உள்ளே போகக் கூடாது என்பது அவர் வைத்த விதி. ஷூவைக் காலி செய்யவும் அவருக்கு மனசு வரவில்லை. வெறுங்காலோடு என் பஸ் படியில் வந்து, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் அன்றைக்கு டயரைச் சுற்றிப் பார்க்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.