மானுக்கு ஏழு பக்கம்

“மான் என்றால் என்ன?”

கடல் கடந்த கம்பனியிடமிருந்து காலையில் வந்த மின்னஞ்சலில் இந்த ஒரு கேள்விதான் இருந்தது. ஒப்பந்தப் பொறியியலாளர் சாரங்கன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

“என்ன சேர், தலையிடியோ?” என்று கேட்டாள் தட்டச்சு வேலை பார்க்கும் ரபீக்கா.

“மான் எண்டால் என்னவெண்டு கேக்கிறாங்கள்.”

“சன்னலால ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கோ. கீழ ரெண்டு நிக்குது.”

நின்றன. திருகோணமலையில் மான் என்பது காட்டு விலங்கு அல்ல, ஊர்வாசி. பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தேடும், கடைவாசலில் படுத்துக்கிடக்கும். முச்சக்கர வண்டிக்காரர்கள் மனிதருக்கு வழிவிடாவிட்டாலும் மானுக்கு வழிவிடுவார்கள். இதை இங்குள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. உலக ஒப்பந்தத்துக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

நகரக் கரையில் புதிய இறங்குதுறை ஒன்று கட்டப்போகிறார்கள். இப்படியான வேலைகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான நிபந்தனைகள் அச்சிட்ட புத்தகமாகவே உண்டு. ஆனால் இந்த இடத்துக்கும் இந்த வேலைக்கும் மட்டும் உரிய விசேட நிபந்தனைகளை வேலை கொடுப்பவர்தான் எழுத வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் விசேட நிபந்தனைதான் வெல்லும். முன்பெல்லாம் இவற்றை எங்கோ தூரத்தில் இருந்து யாரோ எழுதி அனுப்புவார்கள். கடைசியாக வந்ததில், வேலைத்தளத்தில் பனி உறைந்தால் ஒப்பந்தகாரர் உப்புத் தூவ வேண்டும் என்றிருந்தது. இந்த முறைதான் முதன்முதலாகத் திருகோணமலையிலேயே எழுதுவதென்று முடிவாகி, அந்தப் பொறுப்பு சாரங்கனிடம் வந்தது. அந்தச் செய்தி கிடைத்த நாளில் அவன் சேட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

எழுதியதில் அவன் உயிராக நினைத்தது மூன்றே வரிகளை. கடலில் தூண் இறக்கும் காலம் முழுவதும் மீன்பிடி வள்ளங்கள் போய்வர ஒரு பாதை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனை. சாரங்கன் கரையோரக் குடும்பத்துப் பிள்ளை. சில வருடங்களுக்கு முன் வேறொரு கம்பனி பக்கத்துக் கரையில் வேலை செய்தபோது, இதே நிபந்தனையைக் கடைசி நாள் பேச்சுவார்த்தையில் பேசிப் பேசியே வெட்டிவிட்டார்கள். வள்ளங்களெல்லாம் வேலைத்தளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது. எண்ணெய்ச் செலவு தாங்காமல் அவனுடைய அண்ணன் கோணாமலை எஞ்சினை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். அதைச் சாரங்கன் இன்னும் மறக்கவில்லை.

கோணாமலை அதைவிட மறக்கவில்லை. நாள் தவறாமல் தொலைபேசியில் வருவார்.

“டேய், பாதை இருக்குதோ?”

“இருக்கு அண்ணை.”

“வெட்டிப்போடுவாங்கள். கவனம்.”

மான் நிபந்தனை சாரங்கன் எழுதியதல்ல. அது திட்டப் பணிப்பாளர் கமலாதேவியின் கைவண்ணம். அவர் வன்னியில் தெருவேலை ஒன்றை முடித்துக்கொண்டு சொந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர். வந்ததும் சாரங்கனின் பிரதியை வாசித்துப் பாராட்டினார். பிறகு பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார். வேலைத்தளத்துக்குள் மான் வந்தால் அது தானாக வெளியேறும்வரை வேலையை நிறுத்த வேண்டும்.

“இது எங்கட ஊரின்ர பெருமையெல்லோ, சாரங்கன்? உலகத்தில வேற எந்த ஒப்பந்தத்தில மான் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்!”

பெருமை சாரங்கனுக்கும் புரிந்தது. அவனுடைய பயம் வேறு. பேச்சுவார்த்தைக்கு ஒரே ஒரு நாள்தான். மானில் எரிச்சல்பட்ட கம்பனி அந்த எரிச்சலை வள்ளப் பாதையில் தீர்த்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு முன் மானை எப்படியாவது அடக்கிவிட வேண்டும் என்று முடிவுசெய்தான். அங்கேதான் பிழை தொடங்கியது.

“புள்ளியும் கொம்பும் உடைய நான்கு கால் விலங்கு” என்று எழுதி அனுப்பினான். மறுநாளே பதில் கேள்வி வந்தது. பெண் மானுக்குக் கொம்பில்லையே, அது வந்தால் வேலையைத் தொடரலாமா?

“கேக்கிறது ஞாயம்தானே சேர்?” என்றாள் ரபீக்கா.

“நீங்கள் எந்தப் பக்கம்?”

“நான் பெண் மான்ர பக்கம்.”

கொம்பை எடுத்தான். கொம்பு போனதும், உடம்பில் புள்ளி விழுந்த ஆடுகளெல்லாம் நிபந்தனைக்குள் நுழைந்துவிட்டன. ஆட்டை விலக்க ஓர் உபபிரிவு எழுதினான். மான் வேலிக்கு வெளியே நின்று தலையை மட்டும் உள்ளே விட்டால் அது வேலைத்தளத்துக்குள் இருப்பதாகுமா என்று கம்பனி கேட்டது. உடம்பில் பாதிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும் என்று எழுதினான். பாதியை அளப்பது யார் என்று கேட்டார்கள். அதற்கொரு மான் கண்காணிப்பாளரை நியமித்தான். அவருக்குக் காப்புறுதி உண்டா? அவரை மான் முட்டினால் பொறுப்பு யாருடையது? மான் உள்ளே படுத்து நித்திரையானால் அது சாதாரணத் தாமதமா, இயற்கை அனர்த்தமா?

“எழுப்பிவிட்டாச் சரிதானே சேர்?”

“தானாக வெளியேற வேணும் எண்டெல்லோ மேடம் எழுதியிருக்கிறா. எழுப்பினால் அது தானாக இல்லை, ரபீக்கா.”

“எங்கட மூதூர்ல மாடுதான் றோட்டில படுக்கிறது. அதையும் சேப்பமா?”

“வாயைத் திறக்காதேங்கோ. மேடத்துக்குக் கேட்டுதெண்டால் மாட்டுக்கும் நாலு பக்கம் எழுதவேண்டி வரும்.”

ஒவ்வொரு திருத்தத்தையும் சாரங்கன் கமலாதேவியிடம் கொண்டுபோவான். இந்தத் தொல்லையைப் பார்த்தாவது மானைக் கைவிடுவார் என்று ஒரு நப்பாசை. அவரோ வாசிக்க வாசிக்க மலர்ந்துபோவார்.

“அருமை, சாரங்கன்! உங்கட கையில நல்ல எழுத்திருக்கு. ஆனால் குட்டியை மறந்திட்டீங்கள். தாயும் குட்டியும் சேர்ந்து வந்தால்?”

தன் எழுத்தைப் புகழ்ந்தவருக்கு எவன் மறுப்புச் சொல்லுவான்? குட்டிக்கும் எழுதினான். எழுதும்போது நன்றாகவே வந்தது, அதுதான் கொடுமை.

ஒருநாள் துணிந்து மான் பிரிவு முழுவதையும் அழித்துவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் பிரதியைக் கமலாதேவியின் மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“மான் எங்க, சாரங்கன்?”

“அது... ரைப் பண்ணேக்க விடுபட்டுப் போச்சுது மேடம்.”

“ஆறு பக்கமுமோ?”

சாரங்கன் நிலத்தைப் பார்த்தான். கமலாதேவி கோபிக்கவில்லை. மானைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, சினை மான் அருகில் நின்றால் தூண் அடிக்கும் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று தன் கையாலேயே இன்னுமொரு பக்கம் எழுதிச் சேர்த்தார்.

அன்று பின்னேரம் வழக்கம்போல் தொலைபேசி அடித்தது.

“பாதை இருக்குதோ?”

“இருக்கு அண்ணை. பாதைக்கு மூண்டு வரி, மானுக்கு ஏழு பக்கம்.”

“மானுக்கு ஏனடா ஏழு பக்கம்? மான் என்ன, ஓட்டுப் போடுதோ?”

பேச்சுவார்த்தை நாள் வந்தது. கம்பனியின் சட்டத்தரணி மிஸ்டர் யென்சன் நல்ல உயரமான மனிதர். அவர் கொண்டுவந்த கோப்பில் மஞ்சள் துண்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. அத்தனையும் மான் பக்கங்களில் ஒட்டியிருப்பதைச் சாரங்கன் கண்டான். மனுசன் கொதித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

“ஆட்டையும் மானையும் தூரத்திலிருந்து பிரித்தறியும் முறை போதுமானதாக இல்லை,” என்று தொடங்கினார் யென்சன்.

“போதும்,” என்றார் கமலாதேவி.

அதற்குப் பிறகு கமலாதேவியை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் மான்கள் மனிதரோடு மனிதராகத் திரிவதைச் சொன்னார். இந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மானைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள் என்றார். எங்கள் மானுக்கு மரியாதை இல்லாத இறங்குதுறை எங்களுக்குத் தேவையில்லை என்று மேசையில் தட்டினார். தேநீர் வந்து ஆறியது. மத்தியானச் சோற்றுப் பார்சல்கள் வந்து, மீன்குழம்பு வாசம் அறை முழுவதும் பரவி, அதுவும் ஆறியது. யென்சன் மூக்கால் ஒருதரம் மூச்சிழுத்துவிட்டுப் பார்சல்களைப் பார்த்தார். கமலாதேவி குட்டி மானைப் பற்றித் தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால், பயத்தின் நடுவிலும் சாரங்கனுக்குப் பெருமையாக இருந்தது. தங்கள் ஊருக்காக இப்படி ஒருவர் வெளிநாட்டுக்காரர் முன்னால் நின்று வாதாடுவதை அவன் அதுவரை கண்டதில்லை.

கடைசியில் யென்சன் எழும்பியே விட்டார். முகம் சிவந்திருந்தது.

“மேடம், காலையிலிருந்து நான் இறங்குதுறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை! மானை எடுத்துவிடுங்கள். மற்ற நிபந்தனைகள் அத்தனையையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்கிறோம்!”

கமலாதேவி வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்தார்.

“அத்தனையையுமா?” என்றார் தழுதழுத்த குரலில்.

“அத்தனையையும்!”

மான் பக்கங்கள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு இழுத்தார். சாரங்கன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஆறு பக்கத்தில் அவனுடைய உழைப்பும் அல்லவா கிடந்தது!

யென்சன் பசியோடு பக்கம் பக்கமாகக் கையெழுத்திடத் தொடங்கினார். வள்ளப் பாதை இருந்த பக்கம் வந்தபோது சாரங்கன் மூச்சை அடக்கிக்கொண்டான். பேனா அங்கே ஒரு கணமும் நிற்கவில்லை. கையெழுத்து விழுந்தது, பக்கம் புரண்டது, அடுத்த பக்கமும் புரண்டது.

அவன் நடைக்கு ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தான்.

“அண்ணை, பாதை இருக்கு! கையெழுத்தும் வச்சாச்சு!”

மறுமுனையில் கடல் இரைச்சல் கேட்டது.

“நீ எழுதினதுதானோ? அப்பிடியேவோ?”

“ஓம் அண்ணை. ஒரு சொல்லும் மாறேல்லை.”

“அப்ப இண்டைக்கு வீட்டை வா. பாரை மீன் எடுத்து வச்சிருக்கிறன்,” என்றார் கோணாமலை. “கரையில எல்லாருக்கும் சொல்லப்போறன், என்ர தம்பி எழுதினதெண்டு.”

சாரங்கன் கண்களைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான். நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனாலும் ஓர் ஓரத்தில் குற்ற உணர்ச்சி உறுத்தியது. தான் நினைத்தது நடந்துவிட்டது. அவ்வளவு ஆசையாய் எழுதியதைப் பறிகொடுத்துவிட்டு மேடம் மேலே தனியே இருக்கிறார்.

வாசலில் கமலாதேவியின் கணவர் அருளம்பலம், மனைவியைக் கூட்டிப்போக ஸ்கூட்டரோடு வந்து காத்திருந்தார்.

“என்ன தம்பி, முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது அண்ணை. ஆனால் மேடத்தை இண்டைக்குக் கொஞ்சம் ஆறுதலாப் பாத்துக்கொள்ளுங்கோ. அவ ஆசைப்பட்டு எழுதின மானை வெட்டிப்போட்டினம். கண்ணெல்லாம் கலங்கிப்போச்சுது, பாவம்.”

அருளம்பலம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

“இந்தமுறை மானோ? வன்னி றோட்டு வேலைக்கு யானையையும் இப்பிடித்தான் அழுதழுது விட்டுக்குடுத்தவ!”