கலுங்கில் காயாத மை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. நிறம் சம்பந்தமாக யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. சிவகாசிக்காரன் வானத்தில் வெடித்துச் சிதறும் பச்சையைப் பற்றியும் பேசுவான், காலண்டரில் மகாலட்சுமி உடுத்தியிருக்கும் பட்டின் பச்சையைப் பற்றியும் பேசுவான். அந்தப் பச்சை எப்படி வருகிறது என்று கேட்டால் மட்டும் அவனுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும். நான் இந்த வியாதி நன்றாக முற்றிய கேஸ்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் ஆர்டர் பிடிக்கும் வேலை. ஊர் ஊராகப் போய் ஜவுளிக்கடை, நகைக்கடை முதலாளிகள் முன்னால் காலண்டர் ஆல்பத்தை விரித்து வைத்துவிட்டு வாய் ஓயாமல் பேச வேண்டும். அவ்வளவுதான். மெஷின் ஓடும் கூடத்துக்குள் நான் நுழைவதே யாரையாவது டீக்குக் கூப்பிடத்தான். ஆனால் வெளியே என் பேச்சைக் கேட்டால், அந்த நான்கு கலர் மெஷினை நானே பெற்றுப் பாலூட்டி வளர்த்ததாகத் தோன்றும்.

என் தங்கை நஸ்ரின் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் படகுப் பைத்தியம். ‘விருதுநகர் மாவட்டத்தில் படகா?’ என்று நீங்கள் சிரிக்கலாம் (நானும் சிரித்திருக்கிறேன், பதிலுக்குத் துடுப்பால் அடியும் வாங்கியிருக்கிறேன்). எங்கள் ஆறுகளில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். ஆனாலும் ஜெயராணி மேடம் என்ற உடற்கல்வி ஆசிரியை எங்கிருந்தோ நாலைந்து பழைய கயாக் படகுகளைக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே ஒரு கண்மாயில் இறக்கிவிட்டார். ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. நஸ்ரின் அதில் ஏறி உட்கார்ந்தால் படகுக்கே இடுப்பு முளைத்த மாதிரி வளையும்.

அவள் பழகியது ஸ்லாலம். ஓடுகிற தண்ணீருக்கு மேலே குறுக்காகக் கயிறு கட்டி, ஜோடி ஜோடியாகக் கம்புகளைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட். பச்சை வெள்ளைக் கம்பு என்றால் தண்ணீரோடு போக வேண்டும்; சிவப்பு வெள்ளை என்றால் திரும்பி, தண்ணீரை எதிர்த்து ஏறி வர வேண்டும். கம்பில் உடம்போ படகோ துடுப்போ பட்டால், படும் ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு விநாடி அபராதம்.

இதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டுமே. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கரையிலிருக்கும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் உண்டு. அது சில நாள்தான் நிற்கும். முந்தைய வருஷம் கண்மாய் நிறையவே இல்லை. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கும் மாவட்டத் தேர்வே நடக்கவில்லை. அடுத்த வருஷம் நஸ்ரினுக்கு அந்த வயதுப் பிரிவு தாண்டிவிடும். ஆகவே ஊரே பட்டாசு காய வேண்டுமென்று வெயிலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒருத்தி மட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“ஏலா, ஊருக்குள்ள இத வெளிய சொல்லிறாத. அடிக்க வந்துருவாக” என்பாள் அம்மா.

“தீபாவளி முடிஞ்சு பெய்யட்டும்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கிடுறேன்” என்பாள் இவள், மழைக்கே சலுகை கொடுப்பதுபோல.

மழையும் அவள் சொன்னபடியே தீபாவளி முடிந்து பெய்தது. கலுங்கு வழிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தேர்வு, மாநில முகாமுக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் போகலாம் என்று மேடம் அறிவித்தார். அதற்கு அடுத்த ஞாயிறு தண்ணீர் இருக்காது. கேட்டுக்கான பழைய கம்புகள் வெயிலில் வெளுத்து, எது பச்சை எது சிவப்பு என்றே தெரியாமல் போயிருந்தன. புதிதாக வெள்ளை பிவிசி பைப் வாங்கி வெட்டியாயிற்று. யாராவது பட்டை பட்டையாகக் கலர் அடிக்க வேண்டும். என் வாய் தானாகத் திறந்தது.

“மேடம், கலர் வேலைய எங்கிட்ட விட்டுருங்க. பெயிண்டெல்லாம் வேணாம். பிரஸ்ஸு இங்க் இருக்கு. எங்க காலண்டரப் பாத்திருக்கீகளா? வருஷம் பூரா சொவத்துல தொங்கும், ஒரு புள்ளி வெளுக்காது.”

“தண்ணில கரையாதுல்ல தம்பி?”

“சத்தியமாக் கரையாது மேடம்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. அது கடைசிவரை கரையவே இல்லை.

காலண்டர் சீசன் என்பதால் அச்சகத்தில் டப்பா அடியில் மிஞ்சிய மை கிடந்தது. முதலாளியிடம் கேட்டு, சிவப்பில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம் வழித்து எடுத்துக்கொண்டேன். மை சீக்கிரம் காய்வதற்கு டிரையர் என்று ஒன்றைக் கலப்பார்கள் என்பது எனக்குத் தெரியும் (டீக்குக் கூப்பிடப் போனபோது கேட்டது). அதையும் நாலு சொட்டு விட்டேன். சனிக்கிழமை காலையில் வீட்டு மாடியில் வைத்துப் பூசி முடித்தபோது கம்புகள் கல்யாணப் பந்தல் மாதிரி பளபளத்தன.

நஸ்ரின் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“அண்ணே, காயுமா?”

“காயுமாவா? யாரப் பாத்து என்ன கேக்குற! சாயங்காலத்துக்குள்ள எலும்பாக் காஞ்சிரும்.”

சாயங்காலம் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெற்றி! அச்சு மையைக் காகிதம் உறிஞ்சும், பிளாஸ்டிக் பைப் உறிஞ்சாது என்கிற சின்ன விஷயம் எனக்கு அப்போது தெரியாது. மேலே மெல்லிசாக ஆடை கட்டியிருக்கிறது, உள்ளே பாயசம் அப்படியே இருக்கிறது என்பதும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கலுங்குக்குக் கீழே வாய்க்காலின் இரண்டு கரையிலும் கூட்டம். கம்புகளைப் பார்த்து மேடம் அசந்துபோனார். “இம்புட்டு அழகா எந்தப் போட்டியிலயும் நான் பாத்ததில்ல தம்பி” என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நாளில் நான் தலை குனிந்த முதல் தடவை அது.

முதலில் இறங்கிய பையன் சரசரவென்று எல்லாக் கேட்டையும் தாண்டி வந்து, “ஒரு கேட்டையும் தொடல மேடம்!” என்றான். சொன்ன வாய்க்கு மேலே பச்சை மீசை ஒன்று வரைந்திருந்தது. அடுத்தவன் தோளில் சிவப்பு. அதற்கடுத்தவன் ஹெல்மெட்டில் இரண்டும். மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அங்கே நிறுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வேணும்னுதான் மேடம் முழுசாக் காய விடல. இது புது டெக்னிக். தொட்டாத் தெரிஞ்சிரும்ல? கேட்டுக்கு ஒரு நடுவர் நிக்கவே வேணாம்.”

அதைவிட ஆச்சரியம், மேடம் அதை நம்பியதுதான். மை இருந்தால் அபராதம், இல்லையென்றால் இல்லை என்று அறிவித்தார். வெயிலில் நின்று கேட்டையே முறைத்துக்கொண்டிருந்த நடுவர்கள் சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விட்டார்கள். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

கொஞ்ச நேரத்தில் நடுவில் இருந்த ஒரு கேட்டின் கம்புகள் காற்றில் சுழன்று கயிற்றோடு சிக்கிக்கொண்டன. புது டெக்னிக்கின் சொந்தக்காரன் சும்மா இருக்கலாமா? “நான் பாத்துக்கிடுறேன்” என்று ஒரு கயாக்கில் ஏறி உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நான் கயாக்கில் உட்கார்ந்ததில்லை. தங்கைக்கு வருவது ரத்தத்தில் எனக்கும் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இருக்கவில்லை. சிக்கலை எடுப்பதற்காகக் கையைத் தூக்கினேன். படகு எனக்கு அடியிலிருந்து தனியாகக் கிளம்பிப் போய்விட்டது. தண்ணீருக்குள் போனவன், கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது கம்புகள்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான் அது. ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்குள் வலது கையாலும் நெஞ்சாலும் ஒரு சிவப்புக் கம்பையும், இடது கையாலும் கன்னத்தாலும் பக்கத்து வரிசைப் பச்சைக் கம்பையும் நன்றாகக் கட்டிப்பிடித்துவிட்டேன். கரையில் விசில் பறந்தது.

“தம்பி, அங்கன போயி உக்காருங்க. எதையும் தொடாதீக. யாரையும் தொடாதீக” என்றார் மேடம்.

இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். யாரோ இரக்கப்பட்டு எனக்கு டீயை வாயில் ஊற்றிவிட்டார்கள்.

பெண்களில் நஸ்ரினுக்குச் சரியான போட்டி கார்த்திகா. அவளுடைய அப்பா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கார்த்திகா அருமையாகப் போனாள். முழங்கையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. கடைசியாக நஸ்ரின் இறங்கினாள். முழுக்கை வைத்த வெள்ளை ஜெர்சி. கம்பை உரசுகிற மாதிரி போய், உரசாமல் விலகுவது அவள் பாணி. ஒவ்வொரு கேட்டிலும் நான் கல்லை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கடைசிக் கேட்டைத் தாண்டிக் கரையேறியபோது, அந்த ஜெர்சி கடையில் மடித்து வைத்திருந்ததுபோல வெள்ளையாக இருந்தது. நேரமும் அவளுடையதுதான் குறைவு!

மேடம் பரிசோதிப்பதற்காக அவளை நோக்கி நடந்து வந்தார். அவருக்கு முன்னால் நான் ஓடினேன்.

“எங்க புள்ள! ஒரு பொட்டு மை இல்ல பாருங்க! ஒரு பொட்டு இல்ல!” என்று கத்திக்கொண்டே அவளைத் தூக்கிக் கட்டிப்பிடித்தேன்.

நடந்து வந்த மேடம் பாதியில் நின்றுவிட்டார்.

“அண்ணே” என்றாள் நஸ்ரின், மிக மெதுவாக. “கைய எடு.”

எடுத்தேன். முதுகில் ஒரு சிவப்பு உள்ளங்கை, ஒரு பச்சை உள்ளங்கை. தோளில், கன்னத்தில், நெஞ்சில் எல்லாம் என்னிடமிருந்து போனது.

கார்த்திகாவின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “என்ன மேடம் இது? மை இருந்தா அபராதம்னு சொன்னீக. இந்தப் புள்ள மேல மையத் தவுர வேற ஒண்ணும் இல்லையே!”

“அப்பா, அது கைத்தடம்ப்பா. கேட்டுக்கு வெரல் இருக்குமா?” என்றாள் கார்த்திகா.

“வெரலுக்கு அடியில கோடு இருந்திருந்தா? அத மறைக்கத்தான் ஓடியாந்து அப்பிட்டாருன்னு நான் சொல்லுதேன். இல்லேன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்.”

அப்படிச் சொல்ல வேண்டிய நடுவர்கள் டீக்கடையில் இருந்தார்கள். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “நாங்க வருஷம் பூரா வெடிமருந்துல வேலை பாக்குறோம். எங்க கையிகூட இப்படி இருக்காதுய்யா” என்றார்.

நஸ்ரின் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் பார்த்த மேகமெல்லாம் அந்த ஜெர்சியில் என் கைக்கு அடியில் கிடந்தது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க ஒரு சுத்தமான கைகூட என்னிடம் இல்லை.

“மேடம், நான் இன்னொரு தடவ போறேன்” என்றாள்.

கார்த்திகா தன் பையிலிருந்து இன்னொரு வெள்ளை ஜெர்சியை எடுத்துக் கொடுத்தாள். நடுவர்களைக் கூப்பிட்டு வந்து கேட்டுக்கு ஒருவராக நிறுத்தினார்கள். மேடம் கார்த்திகாவின் அப்பாவைப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்க இந்தத் தம்பியப் பிடிச்சுக்கிடுங்க. எது நடந்தாலும் விட்டுறாதீக” என்றார். அவர் என் சட்டைக் காலரின் சுத்தமான ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

நஸ்ரின் இறங்கினாள். கோபத்தில் துடுப்புப் போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீச்சும் எனக்கு விழ வேண்டியது என்று புரிந்தது. கடைசிச் சிவப்புக் கேட்டில் தண்ணீரை எதிர்த்து ஏறும்போது படகு ஒரு கணம் திணறியது. என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது: “வளைச்சுப் போடு தாயி! விடாத!” கார்த்திகாவின் அப்பாதான். அவள் வளைத்துப் போட்டாள். கம்பு ஆடக்கூட இல்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவர் என்னை விட்டுவிட்டுக் கை தட்டினார். உடனே ஞாபகம் வந்து திரும்பவும் காலரைப் பிடித்துக்கொண்டார்.

முதல் தடவையைவிடக் குறைந்த நேரம். எல்லா நடுவரும் கையை விரித்து ‘சுத்தம்’ என்று காட்டினார்கள். மாநில முகாமுக்கு அவள்தான். ஆனால் நஸ்ரின் கரையேறவில்லை. அப்படியே துடுப்புப் போட்டுக்கொண்டு வாய்க்கால் வளைவுவரை போய் நின்றுகொண்டு கத்தினாள்:

“மொதல்ல அவன வீட்டுக்கு அனுப்புங்க! அப்பத்தான் வருவேன்!”

அப்படியே அனுப்பினார்கள். அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க நான் ஒரு கன்னம் பச்சையாகத்தான் ஆர்டர் பிடிக்கப் போனேன். ஒரு ஜவுளிக்கடை முதலாளி ஆல்பத்தை விட்டுவிட்டு என் கன்னத்தையே பார்த்து, “இந்தப் பச்சை நல்லாருக்கே, போகாதுல்ல?” என்று கேட்டார். அந்த ஆர்டர் கிடைத்தது.

கார்த்திகாவின் அப்பா இப்போதும் என்னைப் பஜாரில் பார்த்தால் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எங்கள் வீட்டில் பெருநாளன்று தொழுகை முடிந்து வந்து யாரையும் நான் கட்டித் தழுவுவதற்கு முன்னால், “கையக் காட்டு” என்று ஒரு குரல் வராமல் இருக்காது.

போன மாதம் நஸ்ரின் தேசிய முகாமுக்குக் கிளம்பினாள். விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்தாள்.

“கையக் காட்டுண்ணே.”

காட்டினேன். திருப்பச் சொன்னாள். திருப்பினேன். நகத்தையெல்லாம் குனிந்து பார்த்தாள். பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

விட்டதும், அம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல. ஏறு” என்றாள்.